சொட்டு

குளியலறையிலிருக்கும் 25 லிட்டர் கீசர் சொட்டுவதை ஒரு விடிகாலையில் கேட்டேன். கேட்டேன் என்றுதான் சொல்லவேண்டும்; பார்த்தது பிறகு. கட்டுரை ஒன்றைப் பாதியில் வைத்துக்கொண்டு விழித்திருந்த நேரம். சீரான இடைவெளியில் விழும் ஓசை சிந்தனையைக் குலைக்கப் போதுமானது. பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் வழியில் ஒரு பித்தளை வால்வு. அதன் பக்கவாட்டில் ஒரு சிறு மூக்கு. சொட்டு அங்கிருந்துதான். ஸ்விட்சை அணைத்து, துடைத்து, எம்-சீலைப் பிசைந்து மூக்கை அடைத்தேன். ஓசை நின்றது. கட்டுரையை முடித்தேன். ஒரு கவிதைத் தொகுப்பில் வேண்டாத வரிகள் எவையெவை என்று பட்டியலிட்ட கட்டுரை அது.

நான்காம் நாள் அம்மா குளித்துவிட்டு வந்து சொன்னாள்: "குழாயைத் தொட்டா எறும்பு கடிச்ச மாதிரி இருக்குடா." வயதின் நரம்புத் தளர்ச்சி என்று நினைத்தேன். அவளும் அப்படியே நினைத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். மறுநாள் கீசரின் அடிமூடி விளிம்பிலிருந்து நீர் கசிந்து சுவரில் கோடாக இறங்கியிருந்தது. டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். விளக்கு எரிந்தது.

மெக்கானிக் இளைஞர். மெயினை அணைத்தபின் முதலில் வால்வைத்தான் பார்த்தார். "இதை யார் சார் அடைச்சது?" நான் பதில் சொல்லவில்லை. "சூடாகும்போது மட்டும் சொட்டினா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம் சார். ஆறின பிறகும் சொட்டினாத்தான் கெட்டுப்போச்சு."

கணக்கைப் பிறகு நானே போட்டுப் பார்த்தேன். 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறும் நீர் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு பெருகுகிறது. 25 லிட்டருக்கு மூன்றில் ஒரு லிட்டர். வந்த வழியே அது திரும்ப முடியாது. வால்வு ஒருவழிப் பாதை. அழுத்தம் 8 பார் அளவுக்கு ஏறும்போது மூக்கு திறந்து மிகுதியை வெளியே விடுகிறது. நான் அடைத்த பிறகு அந்த மிகுதி பலவீனமான இடத்தைத் தேடிக்கொண்டது. அடிமூடியின் கேஸ்கெட் விட்டுக்கொடுத்தது. நீர் காயிலின் முனைகளில் இறங்கியது. பிளக்கில் எர்த் கம்பி எப்போதோ கழன்று கிடந்திருக்கிறது. கசிந்த மின்சாரத்துக்குப் போக வழியென்று இருந்தது அம்மாவின் கை மட்டுமே.

உள்ளே போர் தண்ணீரின் உப்பு இரண்டு கை அள்ளும் அளவுக்குப் படிந்திருந்தது. மெக்னீசியம் ராடு இருந்த இடத்தில் நடுக்கம்பி மட்டும் மிச்சம். தொட்டியின் உட்பூச்சில் விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் இரும்பு அரிபடாமலிருக்க, அதற்கு முன்னால் தான் கரைந்துபோவதே அந்த ராடின் வேலை. ஏழு ஆண்டுகளாக அதை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. கேஸ்கெட், ராடு, வால்வு மூன்றையும் மாற்றி, எர்த்தை முடுக்கிவிட்டுப் போனார்.

இங்கே ஓர் உருவகம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. அம்மாவை மெக்னீசியமாக்கி ஒரு பக்கம் எழுதிவிடலாம். எழுதப்போவதில்லை. மின்சாரம் பாய்ந்த கைக்கு அது நான் செய்யும் இரண்டாவது அநியாயம்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தத் தற்காப்பு முறையை முதலில் வகுத்த ஹம்ப்ரி டேவி, 1824-ல் கப்பல்களின் செப்புத்தகடு கடல்நீரில் அரிபடாமலிருக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் அதோடு இணைத்தார். செம்பு அரிபடுவது நின்றது. ஆனால் கப்பலின் அடியில் பாசியும் கடற்சிப்பியும் அப்பிக்கொண்டு வேகத்தைக் கெடுத்தன. கரைந்துகொண்டிருந்த செம்பின் நஞ்சுதான் அதுவரை அவற்றை அண்டவிடாமல் வைத்திருந்தது. திட்டம் கைவிடப்பட்டது. கோளாறென்று தெரிந்தது ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. இதே டேவிதான் 1800 தேதியிட்ட 'லிரிக்கல் பாலட்ஸ்' இரண்டாம் பதிப்பின் அச்சுப்படிகளைப் பார்த்துக் கொடுத்தவர். பிறர் கவிதையில் பிழை தேடும் வேலையும் அவருக்குத் தெரிந்திருந்தது.

என் கட்டுரை அச்சாகிவிட்டது. அந்தக் கவிஞர் அதன்பின் எனக்கு எழுதவில்லை. தொகுப்பை மறுபடி எடுத்து, மெக்கானிக் சொன்ன சோதனையை வைத்துப் பார்த்தேன். நான் பட்டியலிட்ட பதினொரு வரிகளில் எட்டு, கவிதை ஆறிய பிறகும் சொட்டுபவை. அவற்றைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. மீதி மூன்றும் கவிதை கொதிக்கும் இடத்தில் வருகின்றன. அவை அங்கே வழியாவிட்டால் வேறெங்கோ வெடித்திருக்கும். என் காதுக்கு இடைஞ்சலாக இருந்தது என்பதைத் தவிர அவற்றைத் தள்ள எனக்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த மூன்றைப் பொறுத்தவரை நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'எல்லாக் கசிவும் கவிதையே' என்று இதை வாசித்துவிட வேண்டாம்; அடிமூடியிலிருந்து வந்ததும் கசிவுதான்.

காலையில் இப்போதும் சொட்டுகிறது. கீழே ஒரு குவளை வைத்திருக்கிறேன். அம்மா குழாயைத் திறக்குமுன் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். எல்லாம் சரிசெய்தாகிவிட்டது என்று பலமுறை சொல்லிவிட்டேன். "சரிடா" என்கிறாள். மறுநாளும் தொட்டுப் பார்க்கிறாள்.