யானையை நடக்க விடாத எழுத்தாளர்

2024 நவம்பர் 10 அன்று எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். அடுத்த சில நாள்கள் பத்திரிகைகளில் இரங்கல் குறிப்புகள் வந்துகொண்டே இருந்தன. நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடர், அதில் ‘விடாது கருப்பு’ ஓடிய காலத்தில் வீடுகளில் இருந்த பயம், அவர் எழுதிக் குவித்த நாவல்கள் என்று எல்லாம் இருந்தன. அந்த மனிதர் தினமும் எப்படி வேலை செய்தார் என்பது மட்டும் நான் படித்தவற்றில் இல்லை. நெசவாளியைப் பற்றி எழுதினால் தறியையும் பாவையும் கூலியையும் எழுதுகிறோம். பானை செய்பவரைப் பற்றி எழுதினால் மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறோம். மாயக்கதை எழுதுகிறவரிடம் அந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

இதைச் சிம்மக்கல் பக்கம் பைண்டிங் கடை வைத்திருக்கும் நண்பரிடம் ஆதங்கத்தோடு சொன்னேன். “ஆனையூர்ல ஒரு பொண்ணு இருக்கு. ஃப்ளெக்ஸ் கடையில டிசைனர். ஆறு வருசமா ஒரு மாயாஜால நாவல் எழுதிக்கிட்டு இருக்கு. வந்து நோட்டுகளை பைண்ட் பண்ணிட்டுப் போகும். போய்ப் பாருங்க” என்றார்.

கூடல் நகர் ரயில் நிலையத்தைத் தாண்டினால் ஆனையூர். 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். வீட்டு வசதி வாரியக் குடியிருப்பு, இலங்கைத் தமிழர் முகாம், புதிது புதிதாக முளைக்கும் அடுக்குமாடி வீடுகள், நடுவில் இன்னும் விற்காமல் கிடக்கும் சில காலி மனைகள். கடை மெயின் ரோட்டிலேயே இருந்தது.

அவருக்கு முப்பத்தேழு வயது. பெயரைப் போட வேண்டாம் என்றார். “புத்தகம் வரட்டும் சார். அதுல பேர் வரும்ல.”

நான் போன நேரத்தில் ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. பத்துக்கு இருபது. நடுவில் குழந்தை, பின்னால் ஜல்லிக்கட்டுக் காளை, மேலே குலதெய்வம், கீழே தாய்மாமன்கள். மதுரையில் ஃப்ளெக்ஸ் வைப்பது சின்ன விஷயமில்லை. தாய்மாமன்கள் ஏழு பேர் என்றால் ஏழு பேரின் முகமும் ஒரே அளவில் இருக்க வேண்டும்; மூத்தவர் வலது பக்கம்; பெயர் ஒன்று விட்டுப்போனால் விழா வீட்டிலேயே சண்டை. வாடிக்கையாளர் வாட்ஸப்பில் அனுப்பிய பெயர்ப் பட்டியலை அவர் திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நாற்பத்து மூன்று பெயர்கள். அதில் ஒரே பெயரில் மூன்று பேர், மூவருக்கும் வேறு வேறு பட்டப்பெயர்.

“என் நாவல்ல அறுபது பேர் வர்றாங்க சார். யாரு யாருக்கு என்ன முறைன்னு ஒரு இடத்துலகூடத் தப்பு வராது. இந்த வேலை குடுத்த பழக்கம்.”

சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அப்பாவுக்குக் கூடல் நகரில் லோடு ஏற்றும் வேலை கிடைத்ததும் குடும்பம் இங்கே வந்துவிட்டது. அப்பா பழைய பேப்பர் கடையிலிருந்து எடைக்கு வாங்கிவரும் ‘அம்புலிமாமா’ கட்டுகளில் பாதி அட்டை கிழிந்திருக்கும், முடிவு இருக்காது. வேதாளம் கேள்வி கேட்கும். விக்கிரமன் பதில் சொல்லும் பக்கம் போயிருக்கும். சங்கர் வரைந்த படத்தைப் பார்த்துத் தானே பதில் சொல்லிக்கொள்வாராம். ‘விடாது கருப்பு’ ஓடியபோது பத்து வயது; எதிர் வீட்டு டிவியில் பார்த்துவிட்டு, அங்கேயிருந்து தெருவைக் கடந்து வர அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார். அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ். கல்யாணம். கணவர் ‘குட்டி யானை’ சரக்கு வண்டி ஓட்டுகிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள்தான் முதல் வாசகி.

நாவலின் வேர் மதுரைக்காரர்கள் எல்லோரும் அறிந்தது. சமணர்கள் மதுரையை அழிக்க யானை, நாகம், பசு மூன்றையும் ஏவினார்கள், அவை மூன்றும் வீழ்ந்து யானைமலை, நாகமலை, பசுமலை ஆயின என்பது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணம் சொல்லும் கதை. “அனுப்பினவங்க கதை இருக்கு, கொன்னவங்க கதை இருக்கு. வந்த மிருகத்தோட கதை இல்ல சார்” என்றார். அவருடைய நாவலில் மதுரை இல்லை, சமணர் இல்லை, சைவர் இல்லை. வேறு ஒரு நாடு. அங்கே மலையாகிக் கிடக்கும் ஒரு யானை சாகவில்லை, தூங்குகிறது. அதன் விலாவில் கல் எடுக்கப் போகிற குடும்பத்துப் பெண்ணுக்கு அது தெரிந்துவிடுகிறது.

மதிய இடைவேளையில் நோட்டைக் காட்டினார். கடைக்காரர்கள் வரவு செலவு எழுதும் நீளமான கணக்கு நோட்டு. சிவப்புக் காலிகோ முதுகு, நண்பர் கைவண்ணம். நான் நாவலின் கையெழுத்துப் பிரதி என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே இருந்தவை எண்கள். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் விடை.

யானைமலை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளம். உயிருள்ள யானை தும்பிக்கையோடு ஆறு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது ஒரு எட்டுக்கு இரண்டு மீட்டர் போகும். அப்படியானால் மலை யானை ஓர் எட்டு வைத்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல். “ஒத்தக்கடையில எந்திரிச்சா பத்து எட்டுக்குள்ள ஆனையூர் வந்துரும் சார். வழியில இருக்கிற அம்புட்டு ஊரும் போச்சு.” பிறகு தண்ணீர். வளர்ந்த ஆசிய யானை நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும், 150 கிலோ வரை தின்னும். மலை யானைக்குப் பெருக்கிப் பார்த்தால் கண்மாய் போதாது, ஆறும் போதாது. அந்தப் பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘முதல் பாகத்தில் யானை நடக்கக் கூடாது.’

“நடந்துட்டா கதை முடிஞ்சுரும் சார். எல்லாரும் செத்துருவாங்க. அதனால அது மூச்சு விடலாம், காதை அசைக்கலாம். காதை அசைச்சா எத்தனை வீடு விழும்னு அடுத்த பக்கத்துல இருக்கு.”

அவருடைய வேலையில் என்னை ஆட்கொண்டது இந்த நோட்டுதான். மாயக்கதையில் எதுவும் நடக்கலாம் என்பது வெளியே நிற்பவர்களின் எண்ணம். எதுவும் நடக்கலாம் என்றால் வாசகனுக்கு எதைப் பற்றியும் கவலை வராது. மந்திரத்துக்கு ஒரு விலை இருக்க வேண்டும். அந்த விலை பக்கத்துக்குப் பக்கம் மாறக் கூடாது. இவருடைய உலகில் கல்லோடு பேசுகிறவர்கள் ஒவ்வொரு பேச்சுக்கும் தங்கள் நினைவிலிருந்து ஒரு முகத்தை இழக்கிறார்கள். யார், எந்த அத்தியாயத்தில், யாருடைய முகத்தை இழந்தார் என்பதற்குத் தனிக் கட்டம் போட்டிருக்கிறார். கதாநாயகி ஒன்பதாம் அத்தியாயத்தில் தன் அத்தையின் முகத்தை இழக்கிறாள்; இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் அந்த அத்தை சோறு கொண்டுவந்து தரும்போது யாரோ என்று நினைத்து நன்றி சொல்கிறாள். கட்டத்தில் அந்த இடத்தை நான் படித்தபோது நெஞ்சு கனத்துவிட்டது.

ஆங்கிலத்தில் டோல்கீன் இதையேதான் செய்தார். பிரிந்து போன நண்பர்கள் வெவ்வேறு இடத்தில் நின்று பார்க்கும் நிலா ஒரே பிறையாக இருக்க வேண்டும் என்று நாள்களைத் திரும்பக் கணக்கிட்டுத் திருத்தியவர். 1937 இறுதியில் தொடங்கிய ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ 1954-55இல்தான் வெளிவந்தது. அவருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் சம்பளம் இருந்தது. கல்கி ‘பொன்னியின் செல்வ’னுக்காக ஓவியர் மணியத்தோடு ஊர் ஊராகப் போனபோது கையில் சொந்தப் பத்திரிகை இருந்தது. ஆனையூர்க்காரருக்கு ராத்திரி பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை இருக்கிறது.

தட்டச்சு, எழுத்துரு மாற்றம், பக்க வடிவமைப்பு எல்லாம் அவருக்கு அத்துப்படி. அதை நான் கேட்டுக்கொண்டதோடு சரி.

சந்தேகங்களைப் பற்றிக் கேட்டதும் அவர் தயங்கவில்லை. அவற்றோடுதான் குடித்தனம் நடத்துகிறார்.

முதல் சந்தேகம் பேச்சு. கல்கியும் சாண்டில்யனும் பழக்கிவிட்ட ராஜா ராணிப் பேச்சு ஒன்று தமிழில் இருக்கிறது. முதல் பன்னிரண்டு அத்தியாயத்தை அந்த நடையில்தான் எழுதியிருந்தார். ஒருநாள் மகள் கேட்டிருக்கிறாள்: “அம்மா, இவங்களுக்கெல்லாம் வயிறு பசிக்காதா?” மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, தன் அப்பத்தா பேசும் உசிலம்பட்டிப் பேச்சில் அரசியைப் பேச வைத்தார். இப்போது, படிக்கிறவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று பயம்.

இரண்டாவது வேகம். ஜெயமோகன் 2014இலிருந்து 2020 வரை நாளொரு அத்தியாயமாக எழுதி ‘வெண்முர’சை 26 நூல்களில் முடித்தார். அதே அளவு காலத்தில் தன் கணக்கு முப்பத்தொரு அத்தியாயம் என்றார். பிரதிலிபி இணையதளத்தில் எழுதும் தோழி ஒருத்திக்குத் தினமும் அடுத்த பகுதி எங்கே என்று கேட்க ஆள் இருக்கிறது. இவரிடம் கேட்க மகள் மட்டும்.

மூன்றாவதுதான் கடுமையானது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் 2010இல் வந்து சுற்றியுள்ள ஊர்க்காரர்களின் எதிர்ப்பால் நின்றது. மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரிகள் என்ன ஆயின என்பது நாடறிந்தது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்த செய்தி வந்தது, மக்கள் திரண்டார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. இவருடைய நாவலில் கல் எடுக்கிற அத்தியாயங்கள் அதற்கு முன்பே எழுதப்பட்டவை. “இப்ப வந்தா, பேப்பரைப் பார்த்து எழுதினதும்பாங்க. எடுத்துரலாமான்னு இருக்கு. யானைமலையில 770ல குடைஞ்ச நரசிங்கப் பெருமாள் கோயிலுக்கு அப்பாவோட போனப்ப, ‘இதைக் குடையும்போது யானைக்கு வலிக்காதா’ன்னு கேட்டேன் சார். எனக்கு அப்ப ஏழு வயசு. அதுதான் கதை. டங்ஸ்டன் இல்ல.”

எடுக்கக் கூடாது என்று அழுத்திச் சொன்னேன். பிறகு முதல் நூறு பக்கம் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: போர்க்களக் காட்சிகள் பலவீனமானவை, எங்கோ பார்த்த சினிமா அதில் தெரிகிறது. கல்லுடைக்கிற பக்கங்கள் வேறு யாராலும் எழுத முடியாதவை. ஆப்பு வைக்கும் துளையில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருக்கும் பெண், உள்ளேயிருந்து ஒரு நாடித் துடிப்பைக் கேட்கிறாள். இந்த மண்ணின் கல்லைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்குத்தான் அது வரும்.

பதிப்பகங்களைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் குரல் தாழ்ந்தது. ஒரு பதிப்பகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. நாவல் அருமை, அறுபதாயிரம் ரூபாய் கட்டினால் முந்நூறு பிரதி அச்சிட்டு, அதில் இருநூறை ஆசிரியருக்கே தருவார்கள், விற்றுக்கொள்ள வேண்டியது அவர் பொறுப்பு. படித்துப் பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ள, கதாநாயகி எதை இழக்கிறாள் என்று கேட்டிருக்கிறார். “காதலனை” என்று பதில் வந்ததாம். நாவலில் காதலனே கிடையாது.

இத்தனைக்கும் அவர் அச்சுத் தொழில் தெரிந்தவர். 416 பக்கம் என்றால் டெமியில் 26 ஃபாரம், காகிதம் எவ்வளவு, அட்டை எவ்வளவு என்று விரல் நுனியில் கணக்கு வைத்திருப்பவர். முறையான பதிப்பாளர் கிடைத்து, விலை 450 வைத்து, பத்து சதவீதம் ராயல்டி ஒழுங்காக வந்தால்கூட முந்நூறு பிரதிக்கு 13,500 ரூபாய். ஃப்ளெக்ஸ் கடையில் அவருடைய ஒரு மாதச் சம்பளம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆறு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை. அதற்கும் எதிரே நின்று அறுபதாயிரம் கேட்கிறார்கள்.

எழுதுகிறவரிடம் காசு வாங்கிப் புத்தகம் போடுவது அச்சக வேலை. நேர்மையான வேலைதான். செய்கிறவர்கள் அச்சகம் என்று பலகை மாட்டிக்கொள்ளட்டும். பதிப்பாளர் என்கிறவர் பிரதியைப் படிக்க வேண்டும், பலவீனமான போர்க்களத்தை வெட்டச் சொல்ல வேண்டும், தன் காசைப் போட வேண்டும், நஷ்டம் வந்தால் தாங்க வேண்டும். டோல்கீனின் பதிப்பாளர் நஷ்டம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் அச்சிட்டார்; லாபம் வந்தால் பாதிப் பாதி என்று ஒப்பந்தம். இங்கே ஆபத்து முழுவதையும் எழுதுகிறவர் தலையில் வைத்துவிட்டு, தங்கள் முத்திரையை மட்டும் அட்டையில் குத்துகிறார்கள். அதற்கு இரையாகிறவர்கள் யார்? ஆசிரியைகள், கடை ஊழியர்கள், நகையை அடகு வைத்தாவது தன் பெயரை அட்டையில் பார்த்துவிடத் துடிப்பவர்கள். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி நம் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். புதிய எழுத்தாளரின் முதல் நாவலை நூலகங்கள் ஆண்டுதோறும் தவறாமல் வாங்கினால், படித்துத் தேர்ந்தெடுக்கும் சிறு பதிப்பாளர் ஒருவர் துணிந்து காசு போடுவார். புது நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தத் தளங்களில் வந்து உட்காரப் போகிற அடுத்த தலைமுறைக்கு யார் எழுதப் போகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

மதுரை இதற்கு முன்பும் ஒருவரை இப்படித் தோற்கவிட்டிருக்கிறது. ப. சிங்காரம் இங்கே தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு, ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியாக வாழ்ந்தவர். ‘புயலிலே ஒரு தோணி’ எழுதிப் பல ஆண்டுகள் கிடந்து 1972இல்தான் நூலானது. தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்று என்று பின்னால் எல்லோரும் கொண்டாடினோம். அவர் மொத்தம் இரண்டு நாவல்களோடு நிறுத்திக்கொண்டார். 1997இல் இறக்கும்வரை மூன்றாவதைத் தொடவில்லை. இதை நான் சொன்னபோது ஆனையூர்க்காரர் கேட்டது: “அவருக்கு வீட்டுல படிச்சுப் பார்க்க ஆள் இருந்துச்சா சார்?” இல்லை என்றேன். கொஞ்ச நேரம் மௌஸை நகர்த்தாமல் இருந்தார். பிறகு ஒரு கண்ணீர் அஞ்சலி வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் வேண்டுமாம்.

கிளம்பும்போது பிரதியின் முதல் நூறு பக்கத்தைப் பென் டிரைவில் தந்தார். பாராட்டு வேண்டாம், எந்தப் பக்கத்தில் தூக்கம் வந்தது என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். படித்துவிட்டுப் போனில் அழைத்தேன். அறுபத்திரண்டாம் பக்கம், அரச வம்ச வரலாறு வருகிற இடம் என்றேன்.

“மக ஐம்பத்தெட்டுன்னு சொன்னா. அப்ப அந்த நாலு பக்கமும் போகணும். ஆனா ராஜாவோட தாத்தா பேர் அதுல மட்டும்தான் சார் வருது, அது பின்னாடி வேணும்.” கொஞ்சம் யோசித்தார். “கல்லு வெட்டுறவ அதைச் சொல்லட்டும். ஆப்பு அடிக்கும்போது வையிற மாதிரி சொல்லட்டும். அவளுக்கு அந்தத் தாத்தா மேல கோவம் இருக்கு.”

முப்பத்திரண்டாம் அத்தியாயத்துக்கு முன்னால் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.