உறையிலேயே இருக்கட்டும்

போகிக்கு முதல் நாள். செம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய தெருவில் இருக்கும் அந்த வீட்டில், காலையிலேயே பரணைக் காலி செய்யத் தொடங்கிவிட்டார்கள். கிழிந்த பாய், காது உடைந்த முறம், கம்பி வெளியே வந்த குடை என ஒவ்வொன்றாக இறங்கி வாசலில் குவிந்தன. கடைசியாக ஒரு தகர டிரங்குப் பெட்டி.

மகன்தான் அதை இறக்கினார். வயது ஐம்பதை நெருங்குகிறது. பூட்டு இல்லை, துருப்பிடித்த கொண்டி மட்டும். திறந்ததும் பூஞ்சை வாடையும், அதற்கு அடியில் பழைய பாலிஷ் வாடையும் வந்தன. மேலே காக்கிச் சட்டை. அதன் கீழே சுருட்டி வைத்த அகல பெல்ட், தோளில் குறுக்காகப் போடும் கிராஸ் பெல்ட், மூடி போட்ட துப்பாக்கி உறை.

பெல்ட்டைப் பார்த்ததும் மகனின் கை நின்றது. பிறகு மூன்றையும் சேர்த்து எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் வாசலில் இருந்த குவியலில் போட்டார்.

"அப்பா, அது தாத்தாவோடது இல்லையா?" என்று மகள் கேட்டாள். கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள்.

"ஆமா. பூஞ்சை பிடிச்சுப் போச்சு. நாளைக்கு எரிச்சுடலாம்."

கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

தாத்தா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். ஊர் ஊராக போலீஸ் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளிவிட்டு, செம்பாக்கத்தில் மனை மலிவாகக் கிடைத்த நாளில் வாங்கிப் போட்டு, ரிட்டையர் ஆன பணத்தில் கட்டிய வீடு இது. அவர் பென்ஷன் வாங்கிய காலம் வரை செம்பாக்கம் தாம்பரத்துக்குப் பக்கத்து ஊர்தான். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதோடு சேர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டே தாம்பரத்துக்குத் தனி போலீஸ் கமிஷனர் அலுவலகமும் வந்தது. "நாம இருந்தப்போ இதெல்லாம் இல்லையே" என்று செய்தித்தாளைக் காட்டிச் சிரித்தவர், அதன் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

பேத்தி குவியலுக்குள் கையை விட்டு உறையை மட்டும் எடுத்துக்கொண்டாள். சினிமாவில் பார்த்தது போல இடுப்பில் வைத்து, மூடியைச் சட்டென்று திறக்கப் பார்த்தாள். முடியவில்லை. மூடியின் துளை ஒரு பித்தளைக் குமிழில் இறுக்கமாக மாட்டியிருந்தது. கட்டைவிரலால் நெம்பி, இன்னொரு கையால் உறையைப் பிடித்துக்கொண்டால்தான் திறக்கும்.

"என்ன பாட்டி இது? இதைத் திறக்கறதுக்குள்ள திருடன் மெயின் ரோட்டுக்கே போயிடுவான் போல இருக்கே!"

பாட்டி சிரித்தார். "அது சீக்கிரம் எடுக்கறதுக்குச் செஞ்சது இல்லடி. எடுக்காம இருக்கறதுக்குச் செஞ்சது."

கேலியாகச் சொன்னது போல இருந்தாலும், அந்த உறையின் சங்கதியே அதுதான். சினிமா கவ்பாய் தொடையில் கட்டியிருக்கும் உறைக்கு மூடி கிடையாது. போலீஸும் ராணுவமும் பல காலம் பயன்படுத்திய பழைய உறையோ, துப்பாக்கியின் பிடி வரை முழுசாக மூடிவிடும். மழை படாது, தூசு போகாது, கூட்டத்தில் யாரும் பின்னால் இருந்து உருவ முடியாது. போதாததற்கு, துப்பாக்கிப் பிடியின் அடியில் ஒரு வளையம். அதில் ஒரு கயிற்றை மாட்டி மறு முனையை உடம்போடு சேர்த்திருப்பார்கள். கை தவறி விழுந்தாலும் துப்பாக்கி தரைக்குப் போகாது, அடுத்தவன் கைக்கும் போகாது.

தோளில் குறுக்காகப் போகும் அந்த கிராஸ் பெல்ட்டுக்கும் ஒரு கதை உண்டு. உலகம் முழுக்க அதற்கு 'சாம் பிரவுன் பெல்ட்' என்று பெயர். சாம் பிரவுன், வங்காளத்தில் பாரக்பூரில் பிறந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1858-ல், சிப்பாய்ப் புரட்சி நடந்துகொண்டிருந்த நேரத்தில், வட இந்தியாவில் பிலிபித் அருகே நடந்த சண்டையில் இடது கையைத் தோளோடு இழந்தார். வாளை உருவ வேண்டுமென்றால் ஒரு கையால் வாள் உறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கை அவருக்கு இல்லை. அதனால் இடுப்பில் ஓர் அகல பெல்ட், அதன் பாரத்தைத் தாங்க வலது தோளின் மேல் ஒரு வார், வாள் ஆடாமல் நிற்க ஒரு பக்கம் கொக்கிகள், துப்பாக்கி உறைக்கு இன்னொரு பக்கம் இடம் என்று தனக்காக அமைத்துக்கொண்டார். ஒற்றைக் கை மனிதரின் அவசரத் தேவை பிறகு பல நாட்டு ராணுவங்களுக்கும் போலீஸுக்கும் மிடுக்கான உடுப்பாகிவிட்டது. நம் ஊர் அணிவகுப்புகளில் இன்றும் அதிகாரிகளின் மார்பில் குறுக்காக மின்னுவது அதுதான்.

"இதை வீட்டுல வச்சிருந்தா போலீஸ் கேக்காதா?" என்றாள் பேத்தி.

"வெறும் உறைக்கு யாரும் கேக்க மாட்டாங்க. துப்பாக்கி கவர்ன்மென்டோடது. அது எப்பவோ திரும்பப் போயிடுச்சு" என்றார் பாட்டி. சொந்தமாக உரிமம் வாங்கித் துப்பாக்கி வைத்திருந்தவர் இறந்துபோனால் விஷயம் வேறு. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, குடும்பத்தினர் தாமதிக்காமல் அதை போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். அப்பா நினைவாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்துப் பூட்டுவது குற்றம்.

அந்த நேரத்தில் எதிர்வீட்டுப் பெரியவர் உள்ளே வந்தார். நாகல்கேணியில் ஒரு டேனரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். வாசல் குவியலைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பார் போல.

"தம்பி, தோலை எரிக்கப் போறீங்களா? வேணாம். நாத்தம் தெருவே தாங்காது. அதுவும் குரோம் தோலா இருந்தா சாம்பல்கூட விஷம்."

திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பிளேடு கேட்டு வாங்கி, தோளில் போடும் வாரின் ஓரத்தை லேசாகச் சுரண்டினார். மேல் சாயத்துக்கு அடியில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தது. "இது குரோம். பின்னாடி மாத்தின வாரா இருக்கும்." பிறகு உறையின் ஓரத்தைச் சுரண்டினார். உள்ளேயும் பழுப்பு. "இது பட்டையில பதம் பண்ணது."

அவருக்கு அது வெறும் நிறம் இல்லை. தோலைப் பதனிட அன்று இரண்டு வழி இருந்தது. ஒன்று, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் வாரக்கணக்கில் போட்டு எடுப்பது. தமிழ்நாட்டின் பழைய தொழில் அது. அப்படிப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. பிற்பாடு ஆவாரம்பட்டையின் இடத்துக்கு வாட்டில் மரப்பட்டை வந்தது. இன்னொன்று, குரோமியம் உப்பில் போடும் முறை. வாரங்கள் பிடித்த வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்த இந்த முறையை நம்பி, 1912-ல் சேம்பர்ஸ் குடும்பத்தினர் பல்லாவரம் அருகே குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் குரோம்பேட்டை. செம்பாக்கத்துக்காரர்கள் ஜவுளி எடுக்கவும் ரயில் ஏறவும் போகும் ஊரின் பெயரிலேயே தோல் இருக்கிறது. 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் வந்தது.

"வேகமா ஆகும், மெத்துனு இருக்கும். ஆனா அந்தத் தண்ணி எங்க போகும்? நாகல்கேணிப் பக்கம் கிணத்துத் தண்ணி கெட்டதை நாங்கதானே பார்த்தோம்" என்றார் பெரியவர். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு உறையைத் தூக்கிக் காட்டினார்.

"துப்பாக்கி உறைக்குப் பட்டைத் தோல்தான் சரி. தண்ணியில ஊற வச்சு, துப்பாக்கியை உள்ள வச்சு அமுக்கி, அப்படியே காய விட்டா அந்த வடிவம் நின்னுடும். பாருங்க, நடுவுல புடைச்சிருக்கே, தோட்டா சுத்துற உருளை இருந்த இடம். எத்தனை வருஷமா காலியா இருக்கோ, இன்னும் அப்படியே இருக்கு."

மகன் முதல் முறையாக அதைக் கையில் வாங்கினார். புடைப்பின் மேல் விரலை வைத்தார்.

"எனக்கு எட்டு வயசு இருக்கும்" என்றார், யாரையும் பார்க்காமல். "இதே மூடியைத்தான் திறந்தேன்."

பெரியவருக்கு ஏதோ புரிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, "சாயங்காலம் வரேம்மா" என்று எழுந்து போனார்.

அன்றைக்குப் பந்தோபஸ்து முடிந்து, ஸ்டேஷனுக்குப் போய்த் துப்பாக்கியை ஒப்படைப்பதற்கு முன்னால், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அப்பா குவார்ட்டர்ஸுக்கு வந்திருந்தார். பெல்ட்டைக் கழற்றி உறையோடு கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு, கை கழுவப் போனார். பையன் ஸ்டூலைப் போட்டு ஏறினான். குமிழை நெம்பினான். மூடி திறந்தது. பிடியில் கை வைத்த நேரத்தில் அப்பா வந்துவிட்டார்.

அவர் கத்தவில்லை. பையனை இறக்கிவிட்டு, துப்பாக்கியை எடுத்து, உருளையைத் திறந்து, ஆறு தோட்டாக்களையும் உள்ளங்கையில் கொட்டி மனைவியிடம் கொடுத்தார். அதன் பிறகு பெல்ட்டை எடுத்தார். மூன்று அடி. மூன்றாவதில் பித்தளைக் கொக்கி கெண்டைக்காலில் பட்டது. தழும்பு இன்றும் இருக்கிறது. மகன் இதுவரை தோல் பெல்ட் போட்டதில்லை. ஆபீசுக்கும் கான்வாஸ் பெல்ட்தான். அவருடைய பெண்ணை அவர் ஒரு நாளும் கை நீட்டியதில்லை.

"அந்த அடியைக்கூட மறந்துடுவேன்மா" என்றார். "அதுக்கப்புறம் அவர் நம்மகூட உட்கார்ந்து ராத்திரி சாப்பிட்டதே இல்லை. நான் என்னமோ வேண்டாதவன் மாதிரி. நான் தூங்கினப்புறம்தான் வருவார்."

பாட்டி கீரைத் தட்டைக் கீழே வைத்தார்.

"ஏன் வரலைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அன்னைக்கு அவர் சாப்பிடலை. திரும்ப உடுப்பை மாட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். ஒப்படைச்சுட்டு வந்து விடிய விடிய உட்கார்ந்திருந்தார். 'இன்னும் ஒரு நிமிஷம் ஆகியிருந்தா' அப்படின்னு சொல்லிட்டு, மேல சொல்ல முடியலை. 'தப்பு பையன் மேல இல்லை, ஆணியில மாட்டினவன் மேல'ன்னார். அன்னையில இருந்து ரிட்டையர் ஆகிற வரைக்கும் துப்பாக்கியோட வாசப்படி ஏறினதில்லை. எந்நேரமானாலும் ஸ்டேஷன்ல வச்சு, ரிஜிஸ்டர்ல எழுதிட்டுத்தான் வருவார். உறை மட்டும் காலியா வரும். அதனாலதான் ராத்திரி சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

சற்று நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அடிச்சது தப்புதான்ப்பா. அவரும் தப்புன்னுதான் சொன்னார். என்கிட்ட சொன்னார். உன்கிட்ட சொல்லத் தெரியலை."

"நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கணும்" என்றார் பாட்டி. "அவர் என்னைக்காவது சொல்வார்னு விட்டுட்டேன்."

மகன் பதில் பேசவில்லை. நாற்பது வருஷக் கோபம் ஒரு மத்தியானத்தில் போய்விடாது. எழுந்து வாசலுக்குப் போனார். குவியலில் கிடந்த அகல பெல்ட்டை எடுத்து உதறினார். அதில் ஐந்து துளைகள். உள்பக்கத்துத் துளை இளமையில் போட்டது, சற்றே நீண்டிருந்தது. நடுத்துளை நன்றாகத் தேய்ந்திருந்தது. கடைசித் துளை தொழிற்சாலை போட்டது இல்லை, ஆணியால் குத்தியது. ஓய்வு பெறும் வயதில் தொப்பைக்காகக் குத்திக்கொண்டிருப்பார்.

சாயங்காலம் பெரியவர் மறுபடி வந்தபோது, மூன்றும் திண்ணையில் வரிசையாக இருந்தன. அவர் வைத்தியம் சொன்னார். முதலில் வாசலில் வைத்து உலர்ந்த துணியால் பூஞ்சையைத் துடைக்க வேண்டும், வீட்டுக்குள் துடைத்தால் பூஞ்சை வேறு பொருளில் ஒட்டிக்கொள்ளும். ஈரத் துணியால் ஒரு முறை ஒற்றி எடுத்து, நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு துளி புங்க எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்க்கலாம், ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டவே கூடாது. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, காற்றுப் படும் இடத்தில் வைக்க வேண்டும்.

"இன்னொண்ணு" என்றார். "துப்பாக்கி வச்சிருக்கறவங்களும் அதைத் தோல் உறைக்குள்ளேயே நாள்கணக்கா விட மாட்டாங்க. தோல் ஈரத்தை இழுத்து வச்சுக்கும். உள்ள இருக்கற இரும்பு துருப்பிடிக்கும். வார்ல செருகி வச்ச பித்தளைத் தோட்டா பச்சை பூத்துடும். வெளியே பார்த்தா பளபளன்னு இருக்கும், உள்ளே போயிருக்கும்."

அவர் துப்பாக்கியைப் பற்றித்தான் சொன்னார். பாட்டி மகனைப் பார்த்தார்.

மறுநாள் விடியற்காலை தெருவெங்கும் புகை. மேளச் சத்தத்துக்கு நடுவே அந்த வீட்டு வாசலில் கிழிந்த பாயும் முறமும் மட்டும் எரிந்தன. குடையைக் குப்பை வண்டிக்கு ஒதுக்கியிருந்தார்கள். உள்ளே, கூடத்து மூலையில் விரித்த வேட்டியின் மேல் பெல்ட்டும் உறையும் காய்ந்துகொண்டிருந்தன.

பேத்தி உறையைத் தூக்கி, மூடியை இழுத்துக் குமிழில் மாட்டப் பார்த்தாள். தோல் விறைத்துப் போயிருந்ததால் பிடிக்கவில்லை. மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கட்டைவிரலால் அழுத்தினார். 'டக்'கென்று மாட்டிக்கொண்டது.

"திறந்து வச்சாதானே காயும்?" என்றாள் அவள்.

"காயட்டும். சாயங்காலம் மூடிடலாம்" என்று சொல்லிவிட்டு, அவரே மறுபடி நெம்பித் திறந்து வைத்தார்.