கரண்ட் வந்த நேரம்

2022இல் கரண்ட் திரும்பி வரும்போதெல்லாம் லயத்துப் பிள்ளைகள் "ஓஓ..." என்று கத்துவார்கள். டிக்கோயாவில் மட்டுமில்லை, நாடு முழுக்கவே அப்படித்தான் இருந்திருக்கும். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் இருட்டில் கிடந்தோம். எந்த எழுத்துக் குரூப்புக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்ற பட்டியல் எல்லோருடைய போனிலும் இருந்தது. பட்டியலில் இல்லாத நேரத்திலும் போகும், வரும்.

அப்படி ஒரு நாள் பிள்ளைகள் கத்திய அந்தச் சத்தத்துக்குள்தான் அவனுடைய சத்தமும் கலந்துபோனது. பக்கத்தில் நின்ற எங்களுக்கே இரண்டு வினாடி கழித்துத்தான் புரிந்தது.

நாங்கள் நான்கு பேர். ஒருவன் ஓ.எல். முடித்துவிட்டு கொழும்புக் கடையில் இரண்டு வருசம் நின்று திரும்பி வந்தவன். மற்ற மூன்று பேரும் ஊரை விட்டுப் போகாதவர்கள். ரோட்டோரத் தச்சுப் பட்டறை ஒன்றில் சேர்ந்தோம். கதவு, யன்னல், கட்டில், சில நேரம் சவப்பெட்டியும். சம்பளம் கொந்தரப்புக் கணக்கு. எத்தனை சட்டம் அறுத்தோமோ அத்தனைக்குக் காசு. கடிதம் கிடையாது, ஈ.பி.எஃப். கிடையாது. வீட்டில் சந்தோசம்தான். மலையில் கொழுந்துக் கூடையோடு நிற்காமல் மகன் 'தொழில்' படிக்கிறான் இல்லையா.

பட்டறையில் மேசை வாள் ஒன்று இருந்தது. கடையில் வாங்கிய சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய மோட்டர், ஒரு பெல்ட், பலகையில் அடித்த மேசை, நடுவில் ஒரு பிளவு, அதில் எட்டிப்பார்க்கும் 10 அங்குல வாள். மேலே மூடி இல்லை. பின்னால் தகடு இல்லை. சுவிட்ச் என்று பார்த்தால், வீட்டில் ஃபேனுக்குப் போடுவோமே, அதே சாதிச் சுவிட்ச். மேலே தட்டினால் ஓடும், கீழே தட்டினால் நிற்கும். இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

பெரிய பாஸுக்கு இடது கையில் ஒன்றரை விரல் இல்லை. அதைக் காட்டித்தான் பாடம் நடத்துவார். "வெரலு போகாத பாஸ் இன்னும் வேல பழகலன்னு அர்த்தம்டா" என்று சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். விரல் இல்லாத கை என்றால் அனுபவம் உள்ள கை. அப்படித்தான் எங்களுக்குள் பதிந்திருந்தது. இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அன்றைக்கு அறுத்தது யூக்கலிப்டஸ். மலைநாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை, ஆனால் அறுக்கிறவனுக்குப் பொல்லாத மரம். வளரும்போதே உள்ளுக்குள் ஒரு இழுவிசையைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வாள் நடுவில் போனதும் அந்த இழுவிசை அவிழும், இரண்டு பக்கமும் வளைந்து வாளைக் கவ்விக்கொள்ளும். போதாததற்கு எங்கள் பட்டறைக்கு வருவது காயாத மரம், அதுவும் மிஸ்டில் நனைந்தபடி. பலகை பாதி அறுபட்டு வாளைக் கவ்வி நின்ற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. சத்தம் அடங்கியது. கொஞ்ச நேரம் கதை பேசிக்கொண்டு இருந்தோம். பிறகு, சும்மா நிற்கும் நேரத்தில் பலகையை எடுத்துவிட்டு அடியில் அடைத்திருக்கிற மரத்தூளையும் தோண்டிவிடலாம் என்று அவன் குனிந்தான். நல்ல வேலைக்காரன் செய்கிற காரியம். பலகையைக் கழற்றினான். கையை உள்ளே விட்டான்.

சுவிட்ச் மேலேயே இருந்தது. நாலு பேரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. சத்தம் நின்றால் மெசின் நின்றுவிட்டது என்று காது சொல்லும், மூளையும் நம்பிவிடும்.

பிள்ளைகள் கத்தினார்கள்.

ஓட்டோ இருந்தது, பெட்ரோல் இல்லை. அந்த நாட்களை மறந்தவர்கள் இருக்க மாட்டீர்கள். மூன்று வீட்டு பைக்குகளில் இருந்து குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். துண்டுபட்டதைக் கடையில் வாங்கிய ஐஸ் கட்டிக்கு நடுவில் நேரடியாகப் போட்டு ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டுபோனோம், சரியாகச் செய்கிறோம் என்ற நினைப்பில். அது பிழை. சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, அதைத் தண்ணீர் புகாத பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும். ஐஸ் நேரே பட்டால் சதை கருகிவிடும். இதை எங்களுக்குச் சொன்ன நர்ஸ் அக்கா திட்டவில்லை. "இனி யாருக்காச்சும் நடந்தா ஞாபகம் வச்சுக்கங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அதனால்தான் இங்கேயும் எழுதி வைக்கிறோம்.

எப்படிக் கொண்டுபோயிருந்தாலும் ஒட்டியிருக்குமா என்பது வேறு கதை. கத்தி கோடு போட்ட மாதிரி வெட்டும். வாள் தன் பல்லின் அகலத்துக்கு, கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டருக்கு, எலும்பையும் சதையையும் தூளாக்கிக்கொண்டு போகும். நடுவில் இருந்ததே காணாமல் போனபின் எதை எதோடு தைப்பது? வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு, நடுவிரலில் ஒன்று. அவன் அம்மா கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "கொழுந்து கிள்ளுற வெரலாச்சேய்யா." அவன் வாழ்க்கையில் ஒரு நாள்கூடக் கொழுந்து கிள்ளியதில்லை.

பிறகு எல்லோரும் சொன்னது ஒரே சொல். கவனம். முதலாளி சொன்னார், "கவனமா இருந்திருக்கணும்." பாஸ் சொன்னார். மாமாமார் சொன்னார்கள். நாங்களும் அவன் காதுபடவே சொன்னோம். அவனும் தலையை ஆட்டினான். ஆஸ்பத்திரியில் வீட்டில் கத்தி பட்டது என்றே சொல்லியிருந்தான், பட்டறையின் பேரை எடுக்கவில்லை. வேலையில் காயம் பட்டால் நட்டஈடு கொடுக்க இந்த நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. இந்தியாவில் இதே மாதிரிச் சட்டம் 1923இல் வந்தது. அதன் பட்டியலைப் பிறகொரு நாள் தேடிப் படித்தோம். பெருவிரல் போனால் உழைக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 போனதாகக் கணக்கு. முழு ஆள்காட்டி விரலுக்கு 14. அவன் இழந்த மாதிரி இரண்டு கணு என்றால் 11, நடுவிரலில் ஒரு கணுவுக்கு 7. ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு எண். எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, ஏதோ ஒரு கணக்கு வேண்டும்தானே. ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நாங்கள் நாலு பேரும் அவரவர் கையைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

'கவனம்' என்ற சொல்லை உடைத்தவர் எங்கள் லயத்து மாமா ஒருவர். ஸ்டோரில், அதாவது தேயிலைப் பெக்டரியில், மோட்டர் வேலை பார்க்கிறவர். அவனைப் பார்க்க வந்தவர் கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஏம்ப்பா, ஸ்டார்ட்டர் இல்லையா அதுக்கு?" என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். ஸ்டோரில் கரண்ட் போகும், வரும். வந்ததும் ரோலர் தானாகச் சுற்றியதை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? சுற்றாது. பச்சை பட்டனை அமத்தினால் உள்ளே ஒரு காயில் காந்தமாகி சுவிட்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காந்தம் செத்துவிடும், ஸ்பிரிங் சுவிட்சைத் திறந்துவிடும். மறுபடி கரண்ட் வந்தாலும் பிடிக்க ஆளில்லை. யாராவது ஒரு மனுசன் வந்து பச்சையை அமத்தினால்தான் மெசின் ஓடும். "ரோலருக்குள்ள கைய விட்டு இல சுத்தம் பண்றவன் இருப்பான்ல. அவனுக்காகத்தான் அது."

ஸ்டோர் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தோம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நேரம் பார்ப்போம். பச்சை, சிவப்பு பட்டனைச் சின்ன வயதில் எட்டிப் பார்த்தும் இருக்கிறோம். நம் பட்டறை வாளுக்கு அது ஏன் இல்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் மெசினின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வைக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டது. எங்கள் தாத்தாமார் சின்னப் பையன்களாக இருந்த காலம் அது. நாங்கள் திறந்த வாளுக்கு முன்னால் நின்றது 2022இல். முதலாளியை மட்டும் திட்டி இதை முடித்துவிடவும் மனம் வரவில்லை. வாளுக்கு மூடி செய்து போட்டிருந்தால், கொந்தரப்பில் இரண்டு சட்டம் கூட அறுக்கலாம் என்று முதலில் கழற்றி வீசியிருப்பவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

இப்போது நாங்களே ஒரு சின்ன இடம் எடுத்து வேலை செய்கிறோம். ஒருவன் என்.வி.கியூ. சான்றிதழும் எடுத்துவிட்டான். முதலில் வாங்கிய சாமான் ஸ்டார்ட்டர்தான். ஒரு நல்ல வாள் தகட்டின் விலைதான் வந்தது. அடுத்தது வாளுக்குப் பின்னால் நிற்கிற அந்தத் தகடு, ரைவிங் நைஃப் என்பார்கள். அறுபட்ட பிளவு மூடிக்கொள்ளாமல் அது நடுவில் நிற்கும். வாளின் முன்பல் கீழே இறங்குகிறது, பின்பல் மேலே ஏறுகிறது. மரம் பின்னால் கவ்வினால் ஏறுகிற பல் அதைத் தூக்கி நம் வயிற்றைப் பார்த்து எறியும். எவ்வளவு வேகம் என்று ஒரு நாள் கணக்குப் போட்டோம். 10 அங்குல வாள், நிமிடத்துக்கு 2,850 சுற்று, பல்லின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 136 கிலோமீட்டர். மலிங்க போட்ட பந்துக்குக் கிட்ட. அதுவும் ஹெல்மெட் இல்லாமல், கையில் பேட் இல்லாமல் மூன்றடி தூரத்தில் நிற்கிறோம். அதனால் வாளுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பது. கடைசி அரையடியைக் கையால் தள்ளாமல் கட்டையால் தள்ளுவது.

கையுறை போட மாட்டோம். இதைச் சொன்னால் பலருக்கு ஆச்சரியம். பல் கையுறையின் நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். வெறும் கை என்றால் காயத்தோடு போகும். இங்கே குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டர், மஃப்ளரோடுதான் வேலைக்கு வருவோம், அதையும் கழற்றச் சொல்கிறோம். காலையில் விரல் விறைத்துப் போயிருந்தால் தேத்தண்ணி கிளாஸைப் பிடித்துச் சூடேற்றிய பிறகுதான் மெசின். பெரிய தகராறு வந்தது காப்புக் கயிற்றில்தான். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் திருவிழா முடியும் வரை அவிழ்க்கக் கூடாது, மணிக்கட்டில் கயிறோடு வாளுக்குக் கிட்டவும் போகக் கூடாது. கடைசியில், காப்புக் கட்டியவருக்கு அந்த நாட்களில் உப்புத்தாள் தேய்க்கும் வேலை, வார்னிஷ் வேலை என்று முடிவு செய்தோம். அம்மனுக்கும் சம்மதமாகத்தான் இருந்திருக்கும்.

உப்புத்தாள் என்றதும் ஒன்று. மரத்தூள் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. மூக்குக்குள் வரும் புற்று. மாஸ்க் போடுங்கள், கொரோனாவுக்கு வாங்கியது மிச்சம் கிடக்கும்.

அவனும் எங்களோடுதான் இருக்கிறான். யூடியூபில் அமெரிக்காக்காரன் ஒருவன் ஓடுகிற வாளில் சொசேஜ் வைக்கும் வீடியோவை ஆயிரம் தடவை பார்த்திருப்பான். ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல் கண்டுபிடித்தது. ஈரமான சதை பட்டதும் மின் சமிக்ஞை மாறும், சில மில்லி வினாடிக்குள் அலுமினியக் கட்டை ஒன்று பாய்ந்து வாளை நிறுத்திவிடும். சொசேஜில் ஒரு கீறல்தான் இருக்கும். அந்த வாளின் விலைக்கு எங்கள் பட்டறையையே இரண்டு தடவை கட்டலாம். "எனக்கு அது தேவப்பட்டிருக்காதுடா" என்று ஒரு நாள் சொன்னான். "அந்தப் பச்ச பட்டன் போதும்."

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. ஓர்டர் ஒன்று அவசரம், வேலை நடந்துகொண்டு இருந்தது. முற்பகலில் பட்டென்று எல்லாம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததில் நாடே இருண்டது என்ற செய்தியை போனில் பார்த்துச் சிரித்தோம். வாளில் பாதி அறுத்த பலகை நின்றது. பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் அவன் பலகையை எடுத்தான். தூளைத் துடைத்துவிட்டு மறுபடி பிளக்கைக் குத்தினான்.

கரண்ட் திரும்பி வந்தபோது லயத்துப் பிள்ளைகள் "ஓஓ..." என்று கத்தினார்கள். லைட் எரிந்தது. ரேடியோ பாட ஆரம்பித்தது. வாள் சும்மா நின்றது. நாங்கள் நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவன் போய்க் கேத்தலைப் போட்டான்.