கைக்கடிகாரம் கொடுக்கும் ரொட்டி சானாய்

உடற்பயிற்சியில் எரித்த கலோரியைத் திரும்பச் சாப்பிடலாமா? எடை குறைக்க வருகிறவர்கள் இந்தக் கேள்வியை முதல் சந்திப்பில் கேட்பதில்லை. அன்றைக்கு எல்லாரும் பட்டினி கிடக்கவே தயாராக வந்திருப்பார்கள். ஈப்போ போலோ கிரவுண்டை இரண்டு வாரம் சுற்றி, கையில் கட்டிய வாட்ச் ஓர் எண்ணைக் காட்டத் தொடங்கியதும்தான் கேள்வி வரும். "மிஸ், நேத்து 320 எரிச்சிருக்கேன். அப்ப ஒரு ரொட்டி சானாய் சாப்பிடலாம்லா?"

நான் பதில் சொல்லுமுன் அவர்கள் கைப்பேசியை வாங்கிப் பார்ப்பேன். கலோரி எழுதும் செயலியில் முதல் நாள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் பாதி விடை இருக்கும்.

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். 42 வயதுப் பெண், 158 செ.மீ. உயரம், 75 கிலோ எடை, அலுவலக வேலை. எங்கள் உணவியல் தொழிலில் பரவலாகப் பயன்படும் மிஃப்லின் சூத்திரப்படி, அவர் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடலுக்குச் சுமார் 1,370 கலோரி வேண்டும். உட்கார்ந்தே பார்க்கும் வேலைக்கு அதை 1.2 ஆல் பெருக்கினால் 1,640. ஆனால் செயலி, "உங்கள் அன்றாட வாழ்க்கை எப்படிப்பட்டது?" என்று கேட்டபோது, தினமும் நடக்கிறோமே என்று 'ஓரளவு சுறுசுறுப்பு' என்பதை அழுத்திவிட்டார். பெருக்கும் எண் 1.375 ஆகி, கணக்கு 1,880க்கு ஏறிவிட்டது. நடைக்கான 240 கலோரியை செயலி அந்த இடத்திலேயே கொடுத்தாயிற்று. எடை குறைய அதில் 500ஐக் கழித்து, நாளுக்கு 1,380 என்கிறது. மாலையில் வாட்ச் 320 என்கிறது. செயலி அதையும் சேர்த்து, இன்று 1,700 சாப்பிடலாம் என்று பச்சை நிறத்தில் காட்டுகிறது. ஒரே நடைக்கு இரண்டு முறை கூலி.

அந்த 320ஐயும் பிரித்துப் பார்க்க வேண்டும். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் 75 கிலோ உடல் ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 260 கலோரி ஆகும். அந்த ஒரு மணி நேரம் அவர் சோபாவில் உட்கார்ந்து நாடகம் பார்த்திருந்தாலும் 75 போயிருக்கும். நடந்ததால் கூடுதலாகப் போனது 190க்குள்தான். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தபோது, இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை ஒழுங்காகவே எண்ணின. கலோரியில் மட்டும் இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமான கருவி 93 சதவீதம். வாட்சைக் கழற்றச் சொல்லவில்லை. துடிப்புக்கும் நடந்த அடிக்கும் அதைக் கேளுங்கள், சாப்பாட்டுக்குக் கேட்காதீர்கள்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். அந்தப் பெண்ணின் உண்மையான செலவு 1,640உம் 190உம் சேர்ந்து 1,830. சாப்பிட்டது 1,700. ஐந்நூறு இருக்கவேண்டிய பற்றாக்குறை 130தான். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற ஏட்டுக் கணக்கின்படி, ஒரு கிலோ குறைய இரண்டு மாதம். நடுவில் எழுத மறந்த ஒரு தே தாரிக் போதும், அதுவும் இல்லை. "நான் எல்லாத்தையும் ஒழுங்காத்தான் செய்றேன், எடை மட்டும் அசையல" என்று அழுகிறவர்கள் பொய் சொல்வதில்லை. செயலி சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள்.

என்னிடம் வரும் தமிழர்களில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள், இல்லாவிட்டால் தோட்டத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள். சுங்கை சிப்புட் பக்கம் எல்பில், டோவன்பி, சங்காட் சாலாக் என்று பேர் சொல்வார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தை விட்டுப் புந்தோங்குக்கும் மெங்லெம்புவுக்கும் குடிவந்த குடும்பங்கள். அவர்கள் அம்மாமார்கள் எரித்ததையெல்லாம் அப்படியே திரும்பச் சாப்பிட்டவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, ஐந்நூறு மரத்துக்கு மேல் குனிந்தும் நிமிர்ந்தும் சீவி, மறுபடி அதே மரங்களைச் சுற்றி மங்குப் பாலை வாளியில் ஊற்றி, காண்டாக் கட்டையில் இரு பக்கமும் வாளி தொங்க மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டும். தட்டில் சோறு மலையாக இருந்தது. ஓரத்தில் கருவாடு, கொஞ்சம் பருப்பு. யாரும் எண்ணவில்லை, யாரும் பருக்கவுமில்லை. (மெலிவுக்கு உழைப்பு மட்டும் காரணமில்லை. கூலியும் காரணம். தோட்டத்தை நினைத்து உருகுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.)

உழைப்புக்குத் தக்கபடி பசி தானே ஏறுவதை 1956இல் ழான் மேயரும் அவருடன் ராய், மித்ரா என்ற ஆய்வாளர்களும் மேற்கு வங்கத்துச் சணல் ஆலையில் 213 ஆட்களிடம் பார்த்தார்கள். லேசான வேலையைத் தாண்டியதும், வேலை கூடக்கூடச் சாப்பாடும் கூடியது. எடை ஒரே மட்டில் நின்றது. வியப்பு மறுமுனையில் இருந்தது. உட்கார்ந்தே பொழுதைக் கழித்தவர்கள் குறைவாகச் சாப்பிடவில்லை. கனமான வேலைக்காரர்களுக்கு ஏறக்குறைய ஈடாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாக இருந்தார்கள். உடல் அசைவு ஒரு மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் பசியின் கடிவாளம் அறுந்துவிடுகிறது. பழைய ஆய்வுதான், அளந்த முறையில் குறை சொல்ல இடமுண்டு. ஆனாலும் என் மேசைக்கு எதிரே தினமும் உட்காருவது அந்த மறுமுனைதான். தட்டு தோட்டத்துத் தட்டு, வேலை கம்ப்யூட்டர் முன்னால். மலேசியாவில் பெரியவர்களில் பாதிக்கு மேல், 54.4 சதவீதம் பேர், எடை கூடியவர்கள் என்று 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பு சொல்கிறது.

ஒரு மணி நேர நடை அவர்களை அந்த மட்டத்துக்கு மேலே ஏற்றிவிடாது. போதாததற்கு உடலும் சிக்கனம் பிடிக்கிறது. 1,754 பேரின் அளவுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஆய்வில், கூடுதல் அசைவில் எரிப்பதில் சராசரியாக 28 சதவீதத்தை உடல் வேறு வேலைகளில் மிச்சம் பிடித்துவிடுவது தெரிந்தது. 190இலும் கால்வாசிக்கு மேல் போயிற்று.

ஆகவே நடைக்கு நான் எதையும் திரும்பக் கொடுப்பதில்லை. செயலியில் 'உட்கார்ந்த வாழ்க்கை' என்று மாற்றி, நடையை அதில் ஏற்றவே வேண்டாம் என்பேன். 500ஐக் கழித்து 1,140 என்று வந்தால் அதை ஏற்க மாட்டேன். 1,300 என்று வைத்து நான்கு வாரம் பார்ப்போம் என்பேன். காலை எடையின் வாரச் சராசரிதான் எனக்குச் சாட்சி. ஞாயிறுதோறும் கிளெடாங் மலை ஏறுகிறவர்களுக்கும், இரண்டு மணி நேரம் பேட்மிண்டன் ஆடுகிறவர்களுக்கும் அன்றைக்கு மட்டும் வாட்ச் காட்டுவதில் பாதி. அதுவும் முட்டையாக, மீனாக, தெம்பேயாக, மைலோவாக அல்ல. மாரத்தானுக்கு ஓடிக்கொண்டே 1,200இல் நிற்கும் இளம்பெண்ணிடம் என் பேச்சு நேர்மாறாக இருக்கும். மாதவிடாய் தள்ளிப்போகிறது, தூக்கம் வரவில்லை, கால் எலும்பு வலிக்கிறது என்றால் முழுதாகத் திரும்பச் சாப்பிடத்தான் வேண்டும். எடை குறைப்பு அப்புறம்.

இதில் அடங்காதவர்கள் சர்க்கரை நோயாளிகள். நம் சமூகத்தில் அவர்கள் குறைவில்லை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு நடையால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. கிளிக்லசைடோ இன்சுலினோ எடுப்பவர் நடக்குமுன் சர்க்கரையை அளக்க வேண்டும். 5 mmol/Lக்குக் கீழே இருந்தால் 15 கிராம் மாவுச்சத்து, ஒரு சிறு வாழைப்பழம் அளவு, சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். இங்கே கலோரிக் கணக்கே பேசக்கூடாது. ஆனால் தினமும் இப்படி ஆகிறதென்றால், அவர் சாப்பிடுவது பசிக்காக அல்ல, மருந்துக்காக. நடையால் உடல் தேறி வருகிறது, மருந்தின் அளவு பழையபடி இருக்கிறது. பிஸ்கட் டப்பாவோடு நடப்பதைவிட, அளந்த எண்களை எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் மருந்தைக் குறைக்கலாமா என்று கேட்பது மேல். இப்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தனுப்புவது, உணவுப் பட்டியல் போடுவதைவிடப் பயனுள்ள வேலை என்று எனக்குப் படுகிறது.

தைப்பூசம் நெருங்கும்போது கேள்வி உருமாறி வரும். புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலை வரை ரதத்தோடு நடக்கிறோம், அதற்கு எவ்வளவு? வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல். ஒவ்வொன்றிலும் கையில் ஏதோ ஒன்றைத் திணிப்பார்கள், வேண்டாம் என்றால் முகம் வாடும். ஒரு ஆண்ட்டி நேராகவே கேட்டார், "அங்க குடிக்கிற மோரும் கணக்காம்மா?" மோரை நான் எண்ணுவதில்லை, ஆண்ட்டி. ரோஸ் சிரப்பை மட்டும் எழுதி வையுங்கள், எத்தனை கிளாஸ் என்று.