கடலோரம் ஒரு மிதிவண்டிப் பயணம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

வாகனங்கள் இல்லாத சாலை ஒன்றில் காலை முதல் நண்பகல் வரை மிதிவண்டி ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது எனக்கும் என் வகுப்பு நண்பனுக்கும் முதலாண்டிலிருந்தே இருந்துவந்த ஆசை. கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படி ஒரு சாலை எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நாகர்கோவிலில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் பாதி உயிர் போய்விடுகிறதே என்பீர்கள். இருக்கிறது நண்பர்களே! ஆனால் அதற்கு ஒரு நாளும் ஒரு நேரமும் உண்டு. நாள், ஞாயிற்றுக்கிழமை. நேரம், விடியற்காலை. சாலை, கன்னியாகுமரியிலிருந்து குளச்சல் வரை கடலை ஒட்டியும் விலகியும் செல்லும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

ஏன் ஞாயிறு? எங்கள் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை மீனவர் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடக்கும். ஏலம் இல்லை, ஐஸ் ஏற்றிய லாரிகள் இல்லை. ஊரே கோவிலில் திருப்பலிக்குக் கூடியிருக்கும். இதை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. என் அப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்வதற்கே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அப்பா மீன் விற்பவர். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து குளச்சலுக்கோ கடியபட்டணத்துக்கோ சென்று மீன் எடுப்பார். மிதிவண்டியின் பின்னால் பெட்டி கட்டி, திங்கள்நகர், இரணியல், தக்கலைப் பக்கத்துச் சிற்றூர்களில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் பகல் ஒரு மணிக்குத் திரும்புவார். இப்போது இத்தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் மோட்டார் வண்டிக்கு மாறிவிட்டார்கள். பெட்ரோல் செலவு லாபத்தைத் தின்றுவிடும் என்பது அப்பாவின் கணக்கு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதினேன். அது பொய்யில்லை. ஆனால் முதல் வாரத்தில், “என்ன வியாபாரம்?” என்று இந்த நண்பன் கேட்டபோது, “மொத்த வியாபாரம்” என்றேன். அது பொய். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மாலை நாங்கள் நான்கைந்து பேர் பேருந்துக்காக நின்றிருந்தபோது, ரப்பர் ஹாரனை அமுக்கி ஊதும் ஓசை கேட்டது. அப்பாவின் ஹாரன் ஓசை எனக்குத் தெரியாதா? ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்திருக்கிறார். நான் மரத்தின் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் என்னைப் பார்த்தாரா, இல்லையா என்று இன்றுவரை கேட்டதில்லை.

பயணத்துக்கு எனக்கு மிதிவண்டி வேண்டியிருந்தது. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த என் மிதிவண்டி இப்போது தங்கையிடம் இருக்கிறது. அவளுக்கு ஞாயிறும் தனிப்பயிற்சி வகுப்பு உண்டு. எனவே அப்பாவின் வண்டியையே கேட்டேன். சனிக்கிழமை பிற்பகல் பெட்டியைக் கழற்றி, புளியும் சாம்பலும் போட்டு வண்டியைத் தேய்த்தேன். கடைசியாக ஒரு ஸ்பானரை எடுத்து ஹாரனையும் கழற்றித் திண்ணையில் வைத்தேன். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் மணக்குடி முதல் குளச்சல் வரை ஒரு கோடு இழுத்துத் தந்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பெரிய பெரிய எழுத்துகளில் ஊருக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தார்.

“மணக்குடிக்குக் கிழக்க எனக்குத் தெரியாது மக்களே. பத்து மணிக்கு முன்ன மணவாளக்குறிச்சியைத் தாண்டிரு. அதுக்கு மேல கடக்காத்து முகத்துல அடிக்கும்” என்றார்.

நிலம் நீரைவிட விரைவில் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி மேலெழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்ப வருகிறது. பள்ளியில் படித்த பாடந்தான். அது தொடங்கும் நேரத்தைப் புத்தகம் சொல்லவில்லை, அப்பா சொன்னார்.

அன்றிரவு கன்னியாகுமரியில் நண்பனின் மாமா வீட்டில் தங்கி, ஞாயிறு காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். இருட்டில் எங்கள் சக்கரங்களின் ஓசையும் வலப்புறத் தென்னந்தோப்புகளின் சலசலப்பும் இடப்புறக் கடலின் இரைச்சலும் தவிர வேறொன்றும் இல்லை. வண்டிக்கு வழிவிட வேண்டிய அவசியமே இல்லாமல் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே ஓட்டினோம். அந்த இன்பத்தை அனுபவித்தவர்களே அறிவர்.

மணக்குடியில் விடிந்தது. பழையாறு கடலில் கலக்கும் இடம் அது. காயலின் ஓரத்தில் அலையாத்தி மரங்கள், சற்றுத் தள்ளி உப்பளங்கள், வடக்கே மருந்துவாழ்மலை. இங்கிருந்த பாலத்தை 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை தகர்த்துவிட்டது. இப்போதுள்ள பாலத்துக்கு, காமராசர் அமைச்சரவையில் மீன்வளத்துறை அமைச்சராயிருந்த லூர்தம்மாள் சைமன் பெயரை வைத்திருக்கிறார்கள். அப்பாவின் தாளில் இதற்கு நேரே ‘பாலத்தில் காத்து. குனிந்து ஓட்டு’ என்று மட்டும் இருந்தது.

பள்ளம், இராஜாக்கமங்கலம் துறை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெரிய கோவில், ஒரு மணியோசை, வெள்ளை உடுத்திச் செல்லும் பெண்கள், மணலில் பந்து உதைக்கும் சிறுவர்கள். முட்டத்தை நெருங்கும்போது நிலம் நிறம் மாறியது. சிவப்பு மணல் மேடுகள். மழைநீர் அறுத்த ஓடைகள். அப்பால் ஏற்றம். பல திரைப்படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் பாறைகளும் கலங்கரை விளக்கமும் அங்கேதான் இருக்கின்றன.

தாளில் ‘முட்டம் ஏற்றம். இறங்கித் தள்ளு. வெட்கம் இல்லை’ என்று எழுதியிருந்தது.

நாங்கள் இறங்கவில்லை. இருபது வயது அல்லவா! சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தோம். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி, இறங்கித்தான் தள்ளினோம். தள்ளும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 கிலோ மீனையும் ஐஸையும் 50 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதாக வைத்துக்கொண்டால், செய்யப்படும் வேலை ஏறக்குறைய 20,000 ஜூல். மெதுவாகப் போனாலும் விரைந்து போனாலும் அந்த வேலை மாறாது. ஆனால் விரைந்து செய்யத் திறன் அதிகம் வேண்டும். அப்பாவால் மெதுவாகப் போக முடியாது. ஐஸ் உருகிக்கொண்டே இருக்கும். வெறுங்கையோடு வந்த எனக்கு இந்த ஏற்றம் உல்லாசப் பயணம். இத்தகைய ஏற்றங்களில் ஆறு நாளும் சுமையோடு ஏறுபவர், வாகனமில்லாத சாலை அழகானது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் எந்த நாளில், எந்த நேரத்தில் அது அப்படியிருக்கும் என்று அறிந்து வைத்திருந்தார்.

கடியபட்டணத்தில் தேநீர் குடிக்க நின்றோம். பூசை முடிந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கடைக்காரர் எங்களைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார். கேரியரில் பெட்டி கட்டும் இரும்புச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, இது நம்ம மீன்கார அண்ணனுக்க சைக்கிள்லா? ஹாரனை எங்க?”

என் கையிலிருந்த கண்ணாடி டம்ளர் சுட்டது. நண்பன் பக்கத்தில் நின்றான். ‘இல்லை, பழைய வண்டிக் கடையில் வாங்கியது’ என்று சொல்லிவிடலாம். சொல் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது அப்பாவின் தாள் என் சட்டைப் பையில் இருந்தது. ‘வெட்கம் இல்லை’ என்று அவர் எழுதியது ஏற்றத்துக்காக மட்டுந்தானா என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

“ஆமா. நான் அவருக்க மகன். ஹாரனை நான்தான் கழத்தி வச்சேன்” என்றேன்.

கடைக்காரரின் முகம் மலர்ந்தது. “காலேஜ்ல படிக்கிற பிள்ளையா? அண்ணன் சொல்லாத நாள் இல்லை” என்றார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நாங்கள் பேசாமலே மணவாளக்குறிச்சியைக் கடந்தோம். மணி ஒன்பதரை. அங்கே கடற்கரை மணல் கறுத்திருக்கும். தேங்காய் நாரோடு ஒட்டிச் சென்ற இந்த மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909ஆம் ஆண்டு கண்டறிந்தார். அதிலிருந்துதான் தோரியம் கிடைக்கிறது. இதை நண்பனுக்கு விளக்க வேண்டும் என்று பல நாள் எண்ணியிருந்தேன். அன்று அது வாயில் வரவில்லை. மண்டைக்காடு தாண்டியதும் நான்தான் தொடங்கினேன்.

“மொத்த வியாபாரம்னு உங்கிட்ட பொய் சொன்னேன்.”

“எனக்கு முதல் மாசமே தெரியும். இரணியல்ல எங்க பெரியம்மா வீட்டுக்கு மீன் கொடுக்கது உங்க அப்பாதான். மகன் இந்தக் காலேஜ்ல இயற்பியல் படிக்கான்னு அவங்ககிட்டயும் சொல்லியிருக்காரு. நீயா சொல்லட்டும்னு இருந்தேன்” என்றான்.

ஓராண்டுக்கு மேலாக நான் ஒளித்து வைத்தது யாருக்கும் ஒளிவாக இருக்கவில்லை. ஒளிந்திருந்தது மரத்துக்குப் பின்னால் நான் ஒருவன் மட்டுமே.

கொட்டில்பாடு வந்தது. தாளில் அங்கும் ‘இறங்கி நட’ என்று இருந்தது. ஆனால் அங்கே ஏற்றம் எதுவும் இல்லை, சமதளம். நண்பன்தான் கால்வாயைக் காட்டினான். 1860ஆம் ஆண்டளவில் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கி, முற்றுப்பெறாமல் நின்றுவிட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் அது. 2004இல் கடல் பொங்கி வந்தபோது உள்ளே ஓடியவர்களில் பலர் இந்தக் கால்வாயில் சிக்கி இறந்தார்கள். அந்த நாளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் அப்பா அன்று கடற்கரையில் இல்லை. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. அப்பாவுக்கு மீன் கொடுத்தவர்கள் எத்தனை பேர் அதில் போனார்கள் என்று அவர் எங்களிடம் பேசியதில்லை. ஆனால் அந்த இடத்தில் மிதிவண்டியை விட்டு இறங்கி நடக்கிறார். நாங்களும் இறங்கி, ஊர் முடியும்வரை தள்ளிக்கொண்டே நடந்தோம்.

குளச்சலில், 1741இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை வென்றதன் நினைவாக நிற்கும் தூணைப் பார்த்துவிட்டு வடக்கே திரும்பினோம். கடற்காற்று அப்பா சொன்னபடியே எழுந்திருந்தது. ஆனால் இப்போது அது முகத்தில் அடிக்காமல் பின்னாலிருந்து தள்ளியது. பகல் ஒரு மணிக்கு வீட்டை அடைந்தேன். அப்பா தினமும் திரும்பும் நேரம் அது. நண்பனையும் அழைத்துச் சென்றேன். எங்கள் வீட்டுக்கு அவன் வந்தது அதுவே முதல் முறை. அப்பா அவனைப் பார்த்து, “பெரியம்மா சுகமா இருக்காங்களா தம்பி?” என்று கேட்டார்.

அன்று மாலை பெட்டியைக் கட்டினேன். திண்ணையிலிருந்த ஹாரனை எடுத்து, திருகி, இரண்டு முறை அமுக்கிப் பார்த்தேன். அடுக்களையிலிருந்து அம்மா சிரித்தது கேட்டது.

இரண்டு மாதம் கழித்து உதவித்தொகைப் படிவம் வந்தது. தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘மிதிவண்டியில் மீன் விற்பனை’ என்று எழுதினேன். கட்டம் போதாமல் எழுத்து ஓரத்துக்குப் போயிற்று. கையெழுத்திடும்முன் அப்பா எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“வியாபாரம்னு போட்டா போதாதா மக்களே?” என்றார்.

“போதாது அப்பா” என்றேன்.