பாட்டுக்கு எந்த விளக்கு?

சிங்கப்பூரில் அந்தி என்பது பெயருக்குத்தான். நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கும் ஊர் இது. சூரியன் சாய்ந்து இறங்காமல் நேராக விழுந்து மறைகிறது. வருடம் முழுக்க ஏறக்குறைய ஏழு மணிக்கு மறைந்து, அடுத்த இருபது இருபத்தைந்து நிமிடத்தில் கும்மிருட்டு. (1982 பிறந்தபோது கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னே தள்ளினார்கள், இல்லாவிட்டால் ஆறரைக்கே இருட்டியிருக்கும்.) தோ பாயோ வட்டாரத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் அந்த நேரத்தில் தாழ்வார விளக்குகள் தாமாக எரியத் தொடங்குகின்றன. வீட்டுக்குள் கை சுவிட்சைத் தேடுகிறது. கூரை நடுவிலிருக்கும் விளக்கு பளீரென்று எரிய, மூவறை வீட்டின் ஹால் மூலைமுடுக்கெல்லாம் வெளுத்துப்போகிறது. அதே சூட்டோடு யாராவது பாட்டையும் போடுகிறார்கள். முதலில் செய்த காரியம் இரண்டாவதைப் பெரும்பாலும் கெடுத்துவிடுகிறது என்பதுதான் என் கட்சி. ஒலிபெருக்கிக்காகக் கடைகடையாக ஏறி இறங்குபவர்கள்கூட விளக்கைப் பற்றி யோசிப்பதில்லை. அதை மாற்ற ஆகும் செலவோ ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குள் அடங்கிவிடும்.

இங்கே புதுப்பித்த வீடுகளில் இப்போது சர்வசாதாரணமாகக் காணக்கிடைக்கும் ஒரு விளக்கு உண்டு. சுவிட்சை ஒரு தரம் அணைத்துப் போட்டால் மஞ்சள், மறுபடி அணைத்துப் போட்டால் நடுத்தரம், இன்னொரு தரம் போட்டால் நீலம் கலந்த வெள்ளை. டப்பாவின் மேல் 3000 கெல்வின், 4000 கெல்வின், 6500 கெல்வின் என்று அச்சிட்டிருப்பார்கள். மூன்று நிறத்துக்கும் காசு கொடுத்து வாங்கி, ஆயுள் முழுக்க வெள்ளையிலேயே வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. வெயில் கொளுத்தும் ஊரில் வெள்ளை வெளிச்சம் குளிர்ச்சியாகத் தோன்றுகிறது. மஞ்சள் என்றால் குண்டு பல்பும் பற்றாக்குறைக் காலமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வெள்ளை வெளிச்சம் நேர் மேலிருந்து அறை முழுக்கக் கொட்டும்போது, கண்ணில் படுவதெல்லாம் மிச்சமிருக்கும் வேலைகள்தாம்: மடிக்காத துணி, சோபாவுக்கடியில் தூசி, மேசையில் பிரிக்காத கடிதம். பிலிப்ஸ் நிறுவனத்தின் டச்சு இயற்பியலாளர் குரைட்டாஃப் 1941இல் ஒரு வரைபடம் வெளியிட்டார். ஒளி குறையக் குறைய மஞ்சள் சாயலே கண்ணுக்கு இதம், வெள்ளை சாயலுக்கு நிறைய ஒளி வேண்டும் என்பது அதன் சாரம். பின்னாளில் செய்த சோதனைகள் பல அதை அப்படியே ஆமோதிக்கவில்லை. ஆகவே நான் நிறத்தைப் பெரிதாகப் பிடித்துக்கொள்ளப் போவதில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, கண்ணுக்கு என்ன வேலை கொடுக்கிறது என்பவைதான் எனக்கு முக்கியம்.

இதற்கு முதல் ஆட்சேபம் உடனே வரும். காற்றில் வரும் ஒலியை விளக்கு எப்படி மாற்றும்? ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்தால் இருட்டிலும் வெளிச்சத்திலும் ஒன்றுபோலத்தானே இருக்கும்? பதிவு ஒன்றுபோலத்தான் இருக்கும். கேட்பவர் ஒலிவாங்கியாக இருந்தால் விஷயம் அத்தோடு முடிந்தது. மைக்கேல் ஷுட்ஸ், ஸ்காட் லிப்ஸ்கோம் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியத்தைத் தட்டும் கலைஞரின் கையசைவைக் காட்டினார்கள். கை நீளமாக வீசி எழுந்தபோது பார்த்தவர்கள் அந்த நாதம் நீண்டு ஒலித்ததாகச் சொன்னார்கள். கை வெடுக்கென்று நின்றபோது குறுகியதாகச் சொன்னார்கள். கையசைவைப் பொருட்படுத்தாமல் ஒலியை மட்டும் மதிப்பிடுங்கள் என்று கேட்டும் அப்படி. 2013இல் சியா-ஜுங் சாய் வெளியிட்டது இன்னும் சங்கடமான ஆய்வு. சர்வதேச இசைப் போட்டிகளின் இறுதிச்சுற்றில் வாசித்த மூவரில் வென்றவர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். ஒலியை மட்டும் கேட்டவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாகச் சொல்லவில்லை. சத்தமே இல்லாத காட்சியைப் பார்த்தவர்கள் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களுக்கும் இதே கதிதான். இந்த ஆய்வுகள் வீட்டு விளக்கைப் பற்றியவை அல்ல என்பது உண்மை. ஆனால் கண் திறந்திருக்கும்வரை காது தனிக்குடித்தனம் நடத்துவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. வீட்டில் பாட்டு கேட்கும்போது பாடகர் எதிரில் இல்லை. கண்ணுக்கு அகப்படுவது அறைதான். பாடகரின் கை செய்யும் வேலையை அங்கே மடிக்காத துணி செய்கிறது.

சில விளக்குகள் ஒலியையே மாற்றவும் செய்கின்றன. பழைய டியூப்லைட்டின் சோக்கை நினைத்துப் பாருங்கள். இங்கும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக்கின் இரும்புத் தகடுகள் அதற்கு இரட்டிப்பாக, நொடிக்கு நூறு முறை அதிர்கின்றன. அந்த ரீங்காரத்தின் மேல்படிகள் 200, 300 என்று ஏறிப்போகும். இப்போது ஐந்து கட்டை சுருதியில் பாடும் ஒரு பெண் பாடகரின் ஆலாபனையைப் போடுங்கள். அவருடைய ஆதார ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். தம்புரா அங்கே நிற்க, சோக்கு 200இல் நிற்கிறது. இடைவெளி அரை சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டும் உரசி நொடிக்கு நான்கு முறை ஓர் அலை எழும்பி அடங்கும். பெரிய சத்தமில்லை; மிருதங்கம் சேர்ந்துவிட்டால் கரைந்துபோகும். ஆனால் பாடகர் மூச்சு விட்டு, தம்புரா மட்டும் நிற்கும் இடங்களில் சுருதி கலங்கியதுபோல் இருக்கும். கேட்பவர் பாடகரைச் சந்தேகிப்பார், பதிவைச் சந்தேகிப்பார், கூரையை அண்ணாந்து பார்க்க மாட்டார். எலக்ட்ரானிக் சோக்கும் எல்இடியும் வந்து இதைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டன. ஆனால் விளக்குக்கு ஒவ்வாத டிம்மரை மாட்டினால் அதே ரீங்காரம் வேறு வடிவில் திரும்புகிறது. மட்டமான எல்இடி பல்புகளின் உள்ளிருக்கும் மின்சுற்று வானொலி அலைவரிசையில் இரைச்சல் கிளப்புவதும் உண்டு, ஒலி 96.8 வானொலி கரகரத்தால் ஏரியலைத் திருகுவதற்கு முன் விளக்கை ஒருமுறை அணைத்துப் பார்ப்பது நல்லது.

காற்றாடியையும் விட்டுவிட முடியாது. வீவக வீட்டுக் கூரை தாழ்வு. அதில் பொய்க்கூரை அடித்து, குழிவிளக்குகள் பதித்து, அவற்றுக்குக் கீழே காற்றாடியும் மாட்டினால், இறக்கை ஒவ்வொரு முறை விளக்கைக் கடக்கும்போதும் சுவரில் நிழல் வெட்டுகிறது. நிமிடத்துக்கு 150 சுற்று, மூன்று இறக்கை என்றால் நொடிக்கு ஏழரை வெட்டு. ஆதி தாளத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. புதுப்பித்த வீட்டில் ஏனோ தலை வலிக்கிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அடுத்தது தொலைக்காட்சி. பல தமிழ் வீடுகளில் இன்று பாட்டுப் பெட்டி அதுதான். யூடியூபில் பாட்டு ஓடும், ஹாலிலேயே பிரகாசமான விளக்கு அந்தத் திரையாக இருக்கும். சினிமாப் பாட்டைப் படத்தோடு பார்ப்பதில் தவறொன்றுமில்லை, அது அதற்காகப் பிறந்ததுதான். ஆனால் இளையராஜாவின் பாட்டொன்றில் இடையிசையில் நுழையும் புல்லாங்குழலைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் கதாநாயகன் மலைச்சரிவில் ஓடினால், கண் ஓடுபவனோடுதான் போகும்.

சரி, கண்ணை மூடிக்கொண்டால் போதாதா, விளக்கு எதற்கு என்பது இரண்டாவது ஆட்சேபம். இதற்கு வலு இருக்கிறது. டெல் அவிவ் ஆய்வாளர்கள் 2009இல், திகிலூட்டும் இசையைக் கண் மூடிக் கேட்டவர்களிடம் உணர்ச்சி கூடியதையும், மூளையில் அமிக்டலா என்ற பகுதி கூடுதலாகக் கிளர்ந்ததையும் பதிவு செய்தார்கள். ஆக, கண் மூடுவது ஏதோ செய்கிறது. ஆனால் ஒரு முழு ராகம் தானம் பல்லவியைக் கண் மூடியே கேட்பவர் எத்தனை பேர்? பத்து நிமிடத்தில் கண் தானாகத் திறக்கும், அல்லது தூக்கம் வரும். திறக்கும்போது எதிரே என்ன இருக்கிறது என்பதில்தான் என் அக்கறை. சன்னலோரத் தாழ்ந்த விளக்கொன்றின் மங்கல் இருந்தால் கவனம் கலையாமல் திரும்பிவிடும். கூரை வெள்ளையில் திறந்தால் ஏதோ ஒன்று ஞாபகம் வந்து எழுந்து போவார்.

மூன்றாவது ஆட்சேபத்தை நான் இன்னும் மதிக்கிறேன். பிரகாசமான வெளிச்சம் உணர்ச்சியைத் தணிப்பதில்லை, கூட்டவே செய்கிறது என்று அலிசன் ஜிங் ஷு, அபர்ணா லாப்ரூ இருவரும் 2014இல் எழுதினார்கள். வெளிச்சமான அறையில் விருப்பும் வெறுப்பும் இரண்டுமே கூர்மையாகின என்பது அவர்கள் முடிவு. அப்படியானால் வெள்ளை விளக்கில் பாட்டு உருக்கமாகத்தானே இருக்க வேண்டும்? முதலில், அந்தச் சோதனைகளின் பொருள் இசை அல்ல. ஒப்புக்கொண்டே பேசினாலும், உணர்ச்சி கூடுவது வேறு, கேட்பது கூடுவது வேறு. குத்துப்பாட்டுக்கு உணர்ச்சி கூடினால் போதும். சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டே கேட்பதற்குப் பளீர் விளக்குதான் சரி, அங்கே கத்தி வேறு இருக்கிறது. காம்போதி ஆலாபனையில் ஒரு பிடி எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது என்று பின்தொடர்வதற்கு வேண்டியது வேறு நிதானம். உடம்பும் இந்த வாதத்தில் என் பக்கம்தான். சிங்கப்பூர் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய ஜோஷுவா கூலியும் சகாக்களும் 2011இல் காட்டியது இது: படுக்கும் முன் சாதாரண அறை வெளிச்சத்தில், அதாவது 200 லக்ஸுக்கும் குறைவான வெளிச்சத்தில், இருப்பதே மெலட்டோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. இரவுப் பாட்டைக் கேட்டுவிட்டும் தூக்கம் பிடிக்கவில்லை என்று சலித்துக்கொள்பவர் பாட்டைக் குறை சொல்லக் கூடாது.

நம்மவர்களுக்கே உரிய ஆட்சேபம் ஒன்றும் உண்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டை இருட்டாகப் போடலாமா, லட்சுமி வருவாளா? தோ பாயோ லோரோங் 8இல் வைராவிமட காளியம்மன் கோயில் மணி கேட்கும் தூரத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். ஆனால் அந்த வழக்கம் பிறந்த காலத்து விளக்கு ஒற்றைத் திரி. ஒரு மெழுகுவத்திச் சுடர் ஒரு மீட்டர் தூரத்தில் தருவது சுமார் ஒரு லக்ஸ். குத்துவிளக்கின் ஐந்து முகமும் ஏற்றினாலும் இன்றைய ஹால் வெளிச்சத்தில் ஒரு துளிதான் தேறும். பாட்டி ஏற்றிய விளக்கு என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. நான் இருட்டைக் கேட்கவுமில்லை. 1876இல் பைராய்ட் அரங்கில் வாக்னர் விளக்குகளைத் தணித்து, வாத்தியக் குழுவையும் கண்ணில் படாமல் மறைத்தார். அது அவர் நாடகத்துக்குப் பொருந்தியது. நம் சபாக் கச்சேரியில் ரசிகர் தொடையில் தாளம் போடுவதைப் பாடகர் பார்க்க வேண்டும், தலையாட்டலுக்குத் தலையாட்டல் போய்ச் சேர வேண்டும். அங்கே வெளிச்சமும் கச்சேரியின் ஒரு பக்கவாத்தியம். வீட்டில் அந்த எதிர்முகம் இல்லை, ஆகவே அந்த வெளிச்சத்துக்கும் வேலை இல்லை. வீட்டு இசையின் நிஜமான முன்னோடி வேறொருவர். வீணை தனம்மாள், 1938 வரை வாழ்ந்தவர், சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். ஒலிபெருக்கி இல்லை, மெல்லிய நாதம், வந்தவர்கள் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். பின்னாளில் பார்வை மங்கிய அவருக்கு விளக்கு ஒரு பொருட்டில்லை. கேட்கவந்தவர்கள்தாம் அறையை அவர் நாதத்துக்குத் தக்கபடி அடக்கிக்கொண்டார்கள்.

தோ பாயோவுக்கும் இது புதிதல்ல. 1960களில் இங்கே அடுக்குமாடிகள் எழுந்தபோது, பக்கத்துக் கால்டிகாட் குன்றின் நிலையத்திலிருந்துதான் வானொலி வந்துகொண்டிருந்தது. வால்வு ரேடியோவின் அலைவரிசைக் கண்ணாடிக்குப் பின்னே ஒரு சின்ன மஞ்சள் பல்பு எரியும். இன்றைய புளூடூத் ஸ்பீக்கர் முகத்தில் நீலமாகக் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும் பொட்டை அதோடு ஒப்பிட்டால், முன்னேற்றம் எந்தத் திசையில் போனது என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு துண்டு கறுப்பு ஒட்டுநாடா அதைச் சரிசெய்துவிடும்.

மிஞ்சுவது நடைமுறைச் சிக்கல். மூவறை வீட்டில் ஹால் ஒருவருக்குச் சொந்தமில்லை. பிள்ளை சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதுகிறது, ஒருவர் துணி இஸ்திரி போடுகிறார். பாட்டு கேட்க வேண்டும் என்று விளக்கை அணைப்பவர் சண்டைக்குத்தான் வழி தேடுகிறார். ஹெட்ஃபோன் போட்டுக்கொள் என்பார்கள். அது சத்தத்தைப் பிரிக்குமே தவிர வெளிச்சத்தைப் பிரிக்காது. இஸ்திரி நடக்கும்வரை கூரை விளக்கு எரியட்டும், அந்த வேலைக்குப் பின்னணியாகப் பாட்டும் ஓடட்டும். அது முடிந்தபின் பிள்ளைக்கு ஒரு நல்ல மேசைவிளக்கு போதும். அதன் கழுத்தைத் தாழ்த்தி நோட்டுப் புத்தகத்தின் மேல் மட்டும் விழும்படி திருப்பினால், எழுதுபவருக்கு முன்னைவிடத் தெளிவான வெளிச்சம். ஹாலின் மற்ற பாதிக்கு மேசையிலிருந்து தெறிக்கும் மங்கல் தவிர வேறு விளக்கு வேண்டியதில்லை.