ஹாரன் இல்லாத 44 கிலோமீட்டர்!

"மாப்ளே, சைக்கிள் ஓட்டுவீங்கள்ல?"

மச்சான் இப்படிக் கேட்டபோது என் வாயில் பாதி குரோசான் இருந்தது. வாய் நிறைய பண்டம் இருக்கும்போது பொய் சொல்வது ரொம்பச் சுலபம். தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

உண்மை வேறு. 1994-ல் ஒரு திங்கட்கிழமை காலை, சென்னை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆபீஸுக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு லாரி 'பாம்ம்ம்' என்று ஒரு அடி அடித்தது. லாரி என்னைத் தொடக்கூட இல்லை. அந்தச் சத்தமே என்னைத் தள்ளிவிட்டது! காரை எலும்பில் முறிவு. அன்றைக்கு இறங்கியவன்தான், அப்புறம் சைக்கிள் சீட்டில் உட்காரவேயில்லை.

மச்சான் பாண்டிச்சேரிக்காரர். அவர் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அந்த ஊரில் அவர்களை 'சொல்தா' என்பார்கள். 1962-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. மச்சான் இப்போது பர்கண்டிப் பகுதியில், ஸோன் நதிக்கரையில் உள்ள ஷாலோனில் ரிட்டயராகி உட்கார்ந்திருக்கிறார். 'உட்கார்ந்திருக்கிறார்' என்பது தப்பு. அறுபத்தெட்டு வயசில் மனுஷர் சைக்கிளை விட்டு இறங்குவதேயில்லை!

"பயப்படாதீங்க. நாம போற பாதையில மோட்டார் வண்டியே கிடையாது" என்றார்.

"ரோடுன்னு இருந்தா வண்டி இல்லாம எப்படி மச்சான்?"

"அது ரோடு இல்ல மாப்ளே. தண்டவாளம்!"

ரயில் போன பாதை

விஷயம் இதுதான். ஷாலோனுக்குப் பக்கத்தில் ஜிவ்ரி என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து க்ளூனி வரை ஒரு காலத்தில் ரயில் ஓடியது. கார் வந்தது, பஸ் வந்தது, ரயிலுக்கு ஆள் குறைந்தது. மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்த இடத்தில் வழவழவென்று தார் போட்டு, 1997-ல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்று திறந்துவிட்டார்கள். 44 கிலோமீட்டர். இந்த மாதிரிப் பாதைக்கு அங்கே 'வுவா வெர்த்' என்று பெயர், அதாவது பச்சைப் பாதை. பிரான்ஸில் இதுதான் முதலாவது. இதைப் பார்த்துத்தான் நாடு முழுக்க மற்றவர்களும் ஆரம்பித்தார்கள்.

இதில் என்னைப் போன்ற சோப்ளாங்கிகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் அன்றைய இன்ஜினீயர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை மேடாக்கி, ஏற்றமே தெரியாமல் பாதை போட்டிருக்கிறார்கள். அவர்கள் ரயிலுக்காகப் பட்ட பாடு, இன்றைக்கு என் முழங்காலுக்கு லாபம்!

ஜிவ்ரியில் மச்சான் கொடுத்த சைக்கிளில் ஏறினேன். முதல் நூறு மீட்டர் பாம்பு மாதிரி நெளிந்தேன். எதிரே வந்த ஒரு பாட்டி நிதானமாக ஒதுங்கி நின்று "போன்ஜூர்!" என்றார். நியாயமாக அவர் என்னைத் திட்டியிருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். செப்டம்பர் மாசம், அறுவடை நேரம். அடுத்து புஸ்ஸி என்ற ஊர். (பாண்டிச்சேரி புஸ்ஸி வீதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேட்டுவிட்டேன்!) அதைத் தாண்டினால் வேலி போட்ட பச்சை வெளி. வெள்ளை வெளேரென்று, சரொலே ஜாதி மாடுகள். ஒவ்வொன்றும் ஒரு அம்பாஸடர் கார் சைஸ். காதில் விழுவது சக்கரத்தின் 'ர்ர்ர்' மட்டும். எங்கேயோ ஒரு கோயில் மணி. அவ்வளவுதான்.

பத்து கிலோமீட்டர் போன பிறகுதான் ஒன்று கவனித்தேன். நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தியிருந்தேன்.

தாகமா? கல்லறைக்குப் போங்க!

பன்னிரண்டரைக்குப் பசித்தது. வழியில் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தோம். பேக்கரி மூடியிருந்தது. மளிகைக் கடையும் மூடியிருந்தது. பிரெஞ்சு கிராமங்களில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம், கடைக்காரரும் மனுஷர்தானே என்று மூடிவிட்டுப் போய்விடுவார்கள். போதாக்குறைக்கு அன்றைக்குத் திங்கட்கிழமை. பல பேக்கரிகளுக்கு வார விடுமுறையே அன்றைக்குத்தான். (எனக்கும் திங்கட்கிழமைக்கும் ராசியே இல்லை!) நல்லவேளை, அக்கா கட்டிக் கொடுத்த எலுமிச்சம் சாதம் கைவசம் இருந்தது.

சாப்பிட்டாயிற்று. பாட்டிலில் தண்ணீர் காலி.

"வாங்க மாப்ளே, கல்லறைக்குப் போகலாம்" என்றார் மச்சான்.

தூக்கிவாரிப் போட்டது. "அதுக்குள்ளயா மச்சான்?"

விழுந்து விழுந்து சிரித்தார். கல்லறைத் தோட்டத்தில், பூச்செடிகளுக்கு ஊற்ற ஒரு குழாய் இருக்குமாம். பிரான்ஸில் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. குழாயின் மேல் 'குடிநீர் அல்ல' என்று பலகை இருந்தால் மட்டும் தொடக்கூடாது. இங்கே பலகை இல்லை. நிரப்பிக்கொண்டோம்.

வெளியே வரும்போது நினைத்தேன், கல்லறையில் இருக்கும் பெயர்களின் எண்ணிக்கைக்கு, ஊருக்குள் ஆட்களே கண்ணில் படவில்லையே? மச்சானிடம் கேட்டேன்.

"பசங்க எல்லாம் லியோன், பாரீஸ்னு போயிட்டாங்க. ஸ்கூலை மூடினாங்க, கடையை மூடினாங்க. ரயில் நின்னதும் அந்தக் கணக்குதான். நீங்க அமைதி அமைதின்னு ரசிக்கிறீங்களே, அது சும்மா வரலை மாப்ளே" என்றார்.

அதற்கப்புறம் வழியில் வந்த பழைய ஸ்டேஷன் கட்டடங்களை வேறு மாதிரி பார்த்தேன். ரயில் வராத ஸ்டேஷன். ஆனால், அன்றைக்கு அந்தப் பாதையில் நாங்கள் பார்த்த கூட்டத்தில் தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த தம்பதி இருந்தார்கள், ஜெர்மன்காரர்கள் இருந்தார்கள், சறுக்கு சக்கரம் கட்டிய பையன்கள் இருந்தார்கள். ரயில் கொண்டுபோன ஆட்களில் கொஞ்சப் பேரைப் பாதை திருப்பிக் கொண்டுவருகிறது என்று தோன்றியது.

வெள்ளைக் கோடு

கொர்மதான் ஊரின் கோட்டை மாளிகையைத் தாண்டியதும் மச்சான் மேப்பை விரித்தார். மிஷலின் கம்பெனி மேப். அதில் பெரிய ரோடு சிவப்பு, நடுத்தர ரோடு மஞ்சள், குட்டி ரோடு வெள்ளை.

"சிவப்பு பக்கமே போகக்கூடாது. மஞ்சள்னா யோசிக்கணும். வெள்ளைன்னா கண்ணை மூடிட்டுப் போகலாம்" என்றவர், "இப்ப ஒரு வெள்ளை ரோட்டுல ஏறி தெஸே பார்த்துட்டு வருவோம்" என்றார்.

தெஸே ஒரு குன்றின் மேல் இருக்கும் கிராமம். 1940-ல் சகோதரர் ரோஜர் என்பவர் அங்கே வந்து தங்கி, போருக்குத் தப்பி ஓடிவந்த யூதர்கள் உள்பட அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். பிறகு உருவான துறவியர் சமூகத்தைத் தேடி இன்றைக்கும் கோடையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வருகிறார்கள்.

எனக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. அங்கே போவது நிஜ ரோடு. கார் வரும்!

வந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருக்கையில், முதுகுக்குப் பின்னால் இன்ஜின் சத்தம். கை வியர்த்தது. காரை எலும்பு, முப்பது வருஷத்துக்கு முந்தைய இடத்திலேயே, வலிக்க ஆரம்பித்தது. இதோ அடிக்கப் போகிறான், இதோ... என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அடிக்கவேயில்லை. வளைவு முடியும் வரை அந்தக் கார் என் பின்னாலேயே, என் வேகத்திலேயே, மாட்டு வண்டி மாதிரி உருண்டு வந்தது. முன்னால் ரோடு தெளிவாகத் தெரிந்ததும் எதிர்ப் பக்கத்துக்கே ஒதுங்கி, என்னைத் தாண்டிப் போனது. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த டிரைவர் இரண்டு மீட்டருக்கு மேல் விட்டிருப்பார்.

நான் இறங்கி, மஞ்சள் தொப்பி போட்ட மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர்.

"என்ன மாப்ளே, முட்டி வலியா?"

"ஆமாம் மச்சான்" என்றேன். வாயில் குரோசான் இல்லாமலே சொன்ன பொய்!

வௌவாலுக்கு மரியாதை

மாலை க்ளூனி வந்து சேர்ந்தோம். 910-ல் தொடங்கிய மடம் இது. ரோமில் இப்போதுள்ள புனித பேதுரு தேவாலயம் கட்டும் வரை, கிறிஸ்தவ உலகத்திலேயே பெரிய தேவாலயம் இங்கேதான் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கல் கல்லாகப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். மிஞ்சியது பத்தில் ஒரு பங்கு. அதை அண்ணாந்து பார்க்கவே எனக்குக் கழுத்து வலித்தது.

இரவு அங்கே தங்கிவிட்டு, மறுநாள் மாக்கோன் பக்கம் கிளம்பினோம். வழியில் 1.6 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய ரயில் குகை. உள்ளே மங்கலான வெளிச்சம், சில்லென்ற குளிர். குளிர்காலத்தில் இதைப் பூட்டிவிடுகிறார்கள். காரணம், வௌவால்கள் உள்ளே தூங்குமாம்! அதுகளின் தூக்கம் கெடக்கூடாதென்று அப்போது மனுஷர்கள் மலை மேல் சுற்றிப் போகிறார்கள்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: பாரீஸிலிருந்து மாக்கோனுக்கு டி.ஜி.வி. ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். வசந்தம் முதல் அக்டோபர் வரை நல்ல காலம். வண்டிகள் வலது பக்கம் ஓடும் நாடு. கிராமத்துச் சந்திகளில் வேறு பலகை இல்லையென்றால், வலப் பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. மறந்துவிட்டால் நிஜமாகவே கல்லறைதான்! பன்னிரண்டு மணிக்குள் ரொட்டி வாங்கிவிடுங்கள்.

மாக்கோனுக்கு வெளியே பாதை முடிந்தது. எதிரே சிவப்புக் கோட்டு ரோடு. லாரிகள். நான் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். முப்பது வருஷத்துப் பயம் இரண்டு நாளில் முழுசாகப் போய்விடுமா என்ன?

மச்சானும் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, கூடவே தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டேஷன் வாசலில்தான் வாயைத் திறந்தார்.

"அடுத்த வருஷம் வெள்ளைக் கோடு மட்டும் பார்த்து ஒரு நூறு கிலோமீட்டர். சரியா மாப்ளே?"

இந்தத் தடவை தலையை ஆட்டியது பொய்யில்லை.